பெட்டிக்குள் இருந்தவளுக்கும் ரகசியம் தெரியும்

பள்ளியில் ஒரு மேஜிக் கிளப் தொடங்குவதற்குப் பெரிதாக ஒன்றும் வேண்டியதில்லை. ஒரு சீட்டுக்கட்டு, சில நாணயங்கள், ஒரு கைக்குட்டை, மதிய இடைவேளையில் ஆளில்லாமல் கிடக்கும் ஒரு வகுப்பறை போதும். கிடைப்பதற்கு அரிதானது, அதே பித்துப் பிடித்த இன்னும் இரண்டு பேர். மேஜிக்கைப் புத்தகத்தில் படித்துவிடலாம். ஆனால் உள்ளங்கையில் நாணயத்தை மறைக்கும்போது அது எந்தப் பக்கத்திலிருந்து தெரிகிறது என்பதைப் புத்தகம் பார்த்துச் சொல்லாது. கண்ணாடியும் நேரே தெரிவதை மட்டுமே காட்டும். பக்கவாட்டில் உட்கார்ந்து, "கட்டைவிரலைக் கொஞ்சம் தளர்த்து, விறைப்பாக இருப்பது காட்டிக்கொடுக்கிறது" என்று சொல்ல ஒரு தோழி வேண்டும். அவள் சொல்வதைக் கேட்டு நூறு முறை செய்து பார்க்க வேண்டும். அப்புறம் அவள் செய்ய, நாம் பார்க்க வேண்டும்.

இந்தக் கலை அப்படித்தான் கைமாறி வந்திருக்கிறது. எனவே யாரோடு யார் உட்காரலாம், யாருக்கு யார் சொல்லித்தரலாம் என்று முடிவுசெய்தவர்கள், யார் வித்தைக்காரராக முடியும் என்பதையும் சேர்த்தே முடிவுசெய்தார்கள். லண்டனில் ஒரு சங்கம் 86 ஆண்டுகள் பெண்களை வாசலிலேயே நிறுத்திவைத்ததும், இரண்டு பெண்கள் சேர்ந்து அந்த வாசலைக் கடந்ததும் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு.

அதற்குமுன் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். இங்கிலாந்தின் கென்ட் பகுதியைச் சேர்ந்த ரெஜினால்ட் ஸ்காட் என்பவர் 1584இல் 'த டிஸ்கவரி ஆஃப் விட்ச்கிராஃப்ட்' என்ற நூலை வெளியிட்டார். நாணயத்தை மறையவைப்பது, நாக்கில் ஊசி குத்துவதுபோலக் காட்டுவது, வெட்டுண்ட தலையைத் தட்டில் வைத்துக் காட்டுவது போன்ற வித்தைகளை எப்படிச் செய்கிறார்கள் என்று ஆங்கிலத்தில் விளக்கி அச்சான மிகப் பழைய நூல்களில் அது ஒன்று. ஆனால் வித்தை கற்றுத்தருவது ஸ்காட்டின் நோக்கமல்ல. சூனியக்காரிகள் என்று குற்றம்சாட்டி மனிதர்களைத் தூக்கில் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. குற்றம்சாட்டப்பட்டவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பலர் வயதான, ஏழைப் பெண்கள். அவர்களிடம் எந்த அமானுஷ்ய சக்தியும் இல்லை, அதிசயம் என்று நீங்கள் நம்புகிறவற்றைக் கைத்திறமையாலேயே செய்துவிடலாம் என்று காட்டத்தான் ஸ்காட் வித்தைகளை விளக்கினார்.

ஆங்கில மேஜிக்கின் முதல் பாடநூல் என்று சொல்லத்தக்க ஒரு நூல், பெண்களைத் தூக்குக்கயிற்றிலிருந்து காப்பாற்ற எழுதப்பட்டது. மூன்று நூற்றாண்டுகளுக்குப் பிறகு அதே நாட்டில் அந்தக் கலைக்கென்று ஒரு சங்கம் எழுந்தபோது, அதில் பெண்களுக்கு இடமில்லை. பெண் கையில் இருந்தால் சூனியம், ஆண் கையில் வந்தால் கலை. நமக்கும் பழகிய பாகுபாடுதான் இது. நம் ஊரிலும் சூனியக்காரி என்பது வசைச்சொல். வித்தைக்காரருக்கோ கைதட்டல்.

1905ஆம் ஆண்டு ஜூலையில் லண்டனின் சோஹோ பகுதியில் ஓர் உணவகத்தில் 23 பேர் கூடி 'மேஜிக் சர்க்கிள்' என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். அன்று புகழின் உச்சியில் இருந்த டேவிட் டெவண்ட் அதன் முதல் தலைவரானார். தொழில்முறைக் கலைஞர்களும் பொழுதுபோக்காகச் செய்தவர்களும் உறுப்பினர்கள். பள்ளி மேஜிக் கிளப்பில் நடப்பது எதுவோ அதேதான் அங்கும் நடந்தது: கூடினார்கள், செய்துகாட்டினார்கள், குறை சொன்னார்கள், திருத்திக்கொண்டார்கள். காலப்போக்கில் நூலகமும் தேர்வுகளும் பட்டங்களும் சேர்ந்தன. இந்தச் சங்கத்தில் உறுப்பினர் என்பதே தொழிலில் ஒரு மதிப்பாயிற்று. ரகசியத்தை வெளியே சொல்லாதிருப்பது என்பதே அதன் இலச்சினை வாசகத்தின் பொருள்.

பெண்களைச் சேர்க்காததற்கு வழக்கமாகச் சொல்லப்பட்ட காரணமும் அந்த வாசகத்தோடு ஒட்டியதுதான். பெண்களால் ரகசியம் காக்க முடியாது என்றார்கள்.

இந்தக் காரணத்தை மேடையில் வைத்துப் பார்ப்போம். 1921ஆம் ஆண்டு ஜனவரியில் லண்டனின் ஃபின்ஸ்பரி பார்க் எம்பயர் அரங்கில் பி. டி. செல்பிட் ஒரு பெண்ணை மரப்பெட்டிக்குள் படுக்கவைத்து, ரம்பத்தால் பெட்டியை இரண்டாக அறுத்துக்காட்டினார். இன்றுவரை மேஜிக் என்றதும் நம் மனதில் எழும் காட்சி அது. பிரிட்டனில் 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் ஒரு பகுதியினருக்கு வாக்குரிமை கிடைத்து அப்போது மூன்றாண்டுகள்கூட நிறைவடையவில்லை. அறுபடுவதற்கு வாரம் 20 பவுண்ட் சம்பளத்தில் வரத் தயாரா என்று, வாக்குரிமைப் போராளி கிறிஸ்டபெல் பாங்க்ஹர்ஸ்டிடம் செல்பிட் விளம்பரத்துக்காகக் கேட்டார். அவர் மறுத்துவிட்டார். கேட்டது விளையாட்டாக இருக்கலாம். எந்தப் பெண்ணைப் பெட்டிக்குள் பார்க்கக் கூட்டம் ஆசைப்படும் என்ற கணக்கு விளையாட்டல்ல.

அதே ஆண்டு அமெரிக்காவில் ஹோரஸ் கோல்டின் இதே வித்தையை மேஜிக் கலைஞர்கள் கூடிய ஒரு விருந்தில் செய்தபோது, பெட்டிக்குள் இருந்தது ஹோட்டல் பணியாளர் உடையணிந்த ஓர் ஆண். பிறகு அந்த இடத்துக்குப் பெண் வந்தாள், பெண்ணே நிலைத்தாள். வித்தையின் இயக்கத்துக்குப் பெண்ணுடல் அவசியமில்லை. பார்வையாளர்களுக்கு அது தேவைப்பட்டது. 1956 ஏப்ரல் 9 அன்று, பி. சி. சர்க்கார் பிபிசி தொலைக்காட்சியின் பனோரமா நிகழ்ச்சியில் 17 வயது தீப்தி தே என்ற உதவியாளரைச் சுழல்ரம்பத்தால் அறுத்துக்காட்டினார். அவர் எழுந்து நிற்பதற்குள் நிகழ்ச்சி நேரம் முடிந்தது. பெண் செத்துவிட்டாள் என்று பதறிய பார்வையாளர்களின் அழைப்புகள் பிபிசியின் தொலைபேசிகளைத் திணறடித்தன. மறுநாள் செய்தித்தாள்கள் சர்க்காரைக் கொண்டாடின.

இப்போது ரகசியத்துக்கு வருவோம். பெட்டிக்குள் படுத்திருந்த பெண்ணுக்கு அந்த வித்தை எப்படி நடக்கிறது என்று தெரியாதா? பெட்டி வித்தைகள் பலவற்றில் பாதி வேலைக்கு மேல் செய்வது உள்ளே இருப்பவர்தான். குறுகிய இடத்தில் உடலை மடக்க வேண்டும். நொடிக்கணக்கில் இடம்மாற வேண்டும். மூச்சுவாங்காமல் சிரித்த முகத்தோடு வெளியே வர வேண்டும். வெளியே நிற்பவர் கையை வீசி நம் கண்ணை இழுத்துக்கொண்டிருப்பார். தலைமுறை தலைமுறையாக மேடைதோறும் இரவுதோறும் அந்த ரகசியங்களைப் பெண்கள்தான் காத்தார்கள். ரகசியம் காக்கத் தெரியாதவர்கள் என்று சொல்லப்பட்டவர்களை நம்பித்தான் அந்த ஆண்களின் பிழைப்பே நடந்தது. ஆகவே அந்தக் காரணம் உண்மையாக இருக்க முடியாது. பெண்ணுக்கு வித்தை தெரிவதில் அவர்களுக்குச் சிக்கல் இல்லை. தெரிந்தவர் என்ற பெயரோடு அவர்களுக்குச் சமமாக நாற்காலியில் உட்காருவதில்தான் சிக்கல்.

தனியாகவே நின்று காட்டியவர்களும் உண்டு. அடிலெய்ட் ஹெர்மன் 1853இல் லண்டனில் பிறந்தவர், நடனக் கலைஞர். புகழ்பெற்ற வித்தைக்காரர் அலெக்ஸாண்டர் ஹெர்மனை மணந்து, அவருடைய நிகழ்ச்சிகளில் காற்றில் மிதப்பவராகவும் பீரங்கியிலிருந்து பாய்பவராகவும் பல ஆண்டுகள் பங்கேற்றார். 1896 டிசம்பரில் கணவர் திடீரென்று இறந்தார். கடனும் குழுவும் அவர் தலையில் விழுந்தன. அடுத்த மாதமே நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபரா ஹவுஸ் மேடையில், பல வித்தைக்காரர்களின் உயிரைக் குடித்த துப்பாக்கிக்குண்டு பிடிக்கும் வித்தையை அடிலெய்ட் செய்துகாட்டினார். அதன்பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் 'மேஜிக்கின் ராணி' என்ற பெயரோடு மேடையேறினார். 1932இல் காலமானார். அவர் எழுதிவைத்த தன்வரலாறு நூலாக வெளிவந்ததோ 2012இல்தான். அதாவது 80 ஆண்டுகள் அவருடைய அனுபவம் அடுத்த பெண்ணின் கைக்குப் போய்ச்சேரவில்லை. திறமைசாலியான ஒரு பெண் இருந்தால் மட்டும் போதாது, அவளிடமிருந்து கற்றுக்கொள்ள ஓர் ஏற்பாடு வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. அந்த ஏற்பாட்டுக்குத்தான் கிளப் என்று பெயர். 1938இல் அமெரிக்கப் பெண்கள் 'மேஜிகல்ஸ்' என்று தங்களுக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கியதன் பொருளும் அதுதான்.

லண்டனில் கதவு மூடியே இருந்தது. 1980களின் இறுதியில் ஜென்னி வின்ஸ்டன்லி என்ற பெண், மேஜிக்கில் தேர்ந்தவர், மேஜிக் சர்க்கிளில் சேர விரும்பினார். பெண் என்பதால் விண்ணப்பிக்கவே முடியாது. தானே ஆண் வேடமிட்டுப் போகலாமா என்று யோசித்தார். தன் உருவத்துக்கு அது எடுபடாது என்று பட்டது. தன் தோழியும் நடிகையுமான சோஃபி லாயிடிடம் பேசினார். சோஃபி ஒப்புக்கொண்டார்.

இருவரும் சேர்ந்து ரேமண்ட் லாயிட் என்ற 18 வயது இளைஞனை உருவாக்கினார்கள். பொய்முடி, உடலின் வடிவத்தை மாற்ற உள்ளே திணிப்பு, நடை, உட்காரும் விதம் எல்லாவற்றையும் மாதக்கணக்கில் பழகினார்கள். கைகள்தான் பெரிய தொல்லை. மேஜிக்கில் எல்லோர் கண்ணும் விரல்களில்தான் இருக்கும். பெண்ணின் விரல்கள் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் சோஃபி கையுறை அணிந்தே வித்தை செய்யப் பழகினார். சீட்டையும் நாணயத்தையும் வெறும் கையால் கையாள்வதே கடினம். கையுறையோடு செய்வது அதைவிடப் பல மடங்கு கடினம். சங்கத்தின் ஆண்கள் எவரும் எழுதத் தேவையில்லாத ஒரு கூடுதல் தேர்வை அவர் எழுத வேண்டியிருந்தது. பெண்கள் இருமடங்கு நன்றாகச் செய்தால்தான் பாதியாவது மதிப்பார்கள் என்று நாம் அலுவலகங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் பேசிக்கொள்கிறோமே, அது இங்கே ஒரு ஜோடிக் கையுறையாக இருந்தது.

தேர்வாளர் முன்னிலையில் ரேமண்ட் தன் நிகழ்ச்சியை நடத்தினான். முடிந்தபிறகு தேர்வாளரோடு உட்கார்ந்து பேச வேண்டியும் இருந்தது. அதிலும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. 1991 மார்ச்சில் ரேமண்ட் லாயிட் மேஜிக் சர்க்கிளின் உறுப்பினரானான். எத்தனையோ ஆண்டு அனுபவம் கொண்ட ஜென்னி விண்ணப்பம்கூடப் போட முடியாத இடத்தில், உலகத்தில் இல்லவே இல்லாத ஒரு பையனுக்கு உறுப்பினர் அட்டை கிடைத்தது.

அதே ஆண்டு அக்டோபரில், பெண்களை அனுமதிக்கச் சங்கம் முடிவெடுத்த வேளையில், ரேமண்ட் யார் என்பதை இருவரும் வெளிப்படுத்தினார்கள். பாராட்டுக் கிடைக்கும் என்று நினைத்தால் நாம் ஏமாந்துபோவோம். ஏமாற்றிச் சேர்ந்தார் என்று சொல்லி சோஃபியை நீக்கினார்கள். ஏமாற்றுவதையே கலையாகக் கொண்டவர்களின் சங்கம், தன் கண் முன்னால் மாதக்கணக்கில் நடந்த மிகச் சிறந்த ஏமாற்று வித்தையைச் செய்தவரை வெளியே அனுப்பியது. அதே நேரம் பெண்கள் முதன்முதலாக உள்ளே வந்தார்கள். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பெண்களால் ரகசியம் காக்க முடியாது என்ற சங்கத்துக்குள், இரண்டு பெண்கள் அத்தனை பெரிய ரகசியத்தைத் தாங்கள் விரும்பிய நாள்வரை காத்தார்கள்.

ஜென்னி 2004இல் கார் விபத்தில் இறந்தார். சங்கத்தின் முதல் பெண் தலைமைப் பொறுப்பாளரான லாரா லண்டன் போன்றவர்கள் முன்னின்று சோஃபியைத் தேடினார்கள். அவர் ஸ்பெயினில் வாழ்ந்துகொண்டிருந்தார். 2025 ஏப்ரலில் சங்கம் மன்னிப்புக் கேட்டு, அவருடைய சொந்தப் பெயரில் உறுப்பினர் தகுதியைத் திருப்பித் தந்தது. 34 ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த மேடையில் நிற்க வேண்டிய இன்னொருவர் இல்லை.

விதி மாறியதால் எல்லாம் மாறிவிடவில்லை. இன்றும் மேஜிக் சர்க்கிள் உறுப்பினர்களில் பெண்கள் சுமார் 5 சதவீதம்தான். 86 ஆண்டுகள் யாரும் சொல்லித்தராத ஒன்றை, கதவு திறந்த மறுநாளே பெண்கள் கூட்டமாக வந்து செய்வார்கள் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. 1996இல் அந்தச் சங்கம் சிறுவர் சிறுமியர் இருவருக்குமாக இளம் வித்தைக்காரர் கிளப் ஒன்றைத் தொடங்கியது. பத்து வயதில் ஒரு பெண்பிள்ளை சீட்டுக்கட்டோடு உட்கார இடம் கிடைத்தால்தான், அவள் முப்பது வயதில் மேடையில் நிற்பாள்.

அதனால்தான் ஆளில்லாத வகுப்பறையை நான் சிறிய விஷயமாக நினைப்பதில்லை. உங்கள் பள்ளியிலோ கல்லூரியிலோ ஒரு மேஜிக் கிளப், சதுரங்கக் கிளப், ரோபோ செய்யும் கிளப் தொடங்கும்போது முதல் நாளிலேயே கவனியுங்கள். சீட்டுக்கட்டு யார் கையில் இருக்கிறது? "ஒரு சீட்டை எடு" என்று யாரிடம் நீட்டுகிறார்கள்? பெட்டிக்குள் யாரைப் படுக்கச் சொல்கிறார்கள்? பதில் எப்போதும் ஒரே மாதிரி இருந்தால் அங்கேயே பேசுங்கள். பேசியும் இடம் கிடைக்காவிட்டால் பக்கத்து வகுப்பறை காலியாகத்தான் இருக்கும். பெரிய கூட்டம் சேரும்வரை காத்திருக்க வேண்டாம். ஜென்னியும் சோஃபியும் இரண்டே பேர்தான்.