கூரைக்கு யார் காவல்?

அரசன் வீடு மாறினால் அதற்குத் தலைநகர் மாற்றம் என்று பெயர். ஏழை வீடு மாறினால் அதற்குப் பெயரே கிடையாது. இரணியலில் வேணாட்டு அரசர்களின் பழைய அரண்மனை இருக்கிறது. அவர்கள் அதை விட்டுப் பத்மநாபபுரத்துக்குப் போனார்கள். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கிருந்தும் புறப்பட்டுத் திருவனந்தபுரத்துக்குப் போனார்கள். இரண்டு பயணங்களையும் சரித்திரக்காரர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அதே சுற்றுவட்டாரத்தில் பானை சட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, இருந்த இடத்தை விட்டு இறங்கிய குடும்பங்கள் எத்தனை? அந்தக் கணக்கை எழுத எந்த ராயசக்காரரும் அமர்த்தப்படவில்லை.

நம்முடைய நாட்டில் தருமத்துக்குக் குறைவிருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. பழைய பாதைகளில் வழியம்பலம் உண்டு. தலைச்சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கிக் கல் உண்டு. கோடையில் தண்ணீர்ப்பந்தல் உண்டு. இரணியலிலிருந்து சில மைல் தூரத்தில், பத்மநாபபுரம் அரண்மனையில் ஊட்டுப்புரையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மேலும் கீழுமாக இரண்டு தளம், இரண்டாயிரம் பேர் ஒரே சமயத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று சொல்வார்கள். திருவிதாங்கூர் சர்க்கார் இத்தகைய ஊட்டுப்புரைகளைப் பல இடங்களில் நடத்தியது. இலை போட்டது பிராமணர்களுக்கு மட்டும்தான் என்பது வேறு விஷயம்.

இந்தத் தருமங்களையெல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். எல்லாமே வழியில் வருகிறவனுக்காகச் செய்தவை. வீட்டில் இருப்பவன் வழிக்கு வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளும் தருமம் ஒன்று உண்டே, அதற்கு மண்டபமும் இல்லை, மானியமும் இல்லை. விழுந்தவனுக்குக் கஞ்சி ஊற்றினால் புண்ணியம் என்று நினைத்தோம். விழாமல் பிடித்தால் அதில் என்ன புண்ணியம், அவன்தான் விழவே இல்லையே!

அந்த இரண்டாவது தருமத்தைச் செய்தது தருமவான்கள் அல்ல, சட்டம். திருவிதாங்கூரில் அரசாணைக்கு 'விளம்பரம்' என்று பெயர். 1829-இல் வந்த ஒரு ராஜ விளம்பரம், வழக்கமாகக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவரும் குடியானை நிலத்திலிருந்து ஒழிப்பிக்கக் கூடாது என்றது. ஆயில்யம் திருநாள் மகாராஜா காலத்தில், மாதவராவ் திவானாக இருந்தபோது, 1865-இல் பண்டாரப்பாட்ட விளம்பரம் வந்தது. சர்க்கார் நிலத்தைப் பாட்டத்துக்கு வைத்திருந்தவர்களுக்கு அந்த நிலமே சொந்தமாயிற்று. 1867-இல், அதாவது கொல்லம் 1042-இல், ஜன்மிகளின் நிலத்தில் இருந்த குடியான்களுக்கும் காப்பு வந்தது. 1896-இல் அது ஜன்மி–குடியான் சட்டமாக உறுதிப்பட்டது. ஓர் ஊட்டுப்புரையை ஒரு வருஷம் நடத்த ஆகும் நெல்லில் நூற்றில் ஒரு பங்குகூட இந்த விளம்பரங்களுக்குச் செலவாகியிராது. ஆனால் தலைமுறை தலைமுறையாகக் கூரையைத் தாங்கியது எது?

சட்டத்தின் நிழலும் எல்லார் மீதும் விழவில்லை. கையில் காணச்சீட்டு வைத்திருந்த குடியான் தப்பினான். தென்னந்தோப்பின் ஓரத்தில் ஓலைக்குடிசை போட்டுக்கொண்டு, அந்தத் தோப்பிலேயே கூலிவேலை செய்தவனிடம் என்ன சீட்டு இருந்தது? உடமைக்காரர் முகம் கோணினால் மறுநாள் அடுப்பை வெளியே எடுத்து வைக்க வேண்டியதுதான்.

ஓலைக்குடிசையில் இருந்தவர்கள் மட்டுமா? நாஞ்சில் நாட்டில் ஓட்டு வீட்டில், நெல் பத்தாயம் நிறைந்த வீட்டில் வாழ்ந்தவர்களும் ஒரே நாளில் தெருவுக்கு வந்தது உண்டு. மருமக்கள் வழியில் சொத்து மருமகனுக்குப் போகும். காரணவர் கண்ணை மூடினால், அதுவரை அந்த வீட்டில் விளக்கேற்றிய மனைவிக்கும், அவர் தோளில் ஏறி விளையாடிய பிள்ளைகளுக்கும் அங்கே நிலையான இடமில்லை. உகந்துடைமை என்று ஏதோ ஒரு பங்கு உண்டு. அதையும் வாங்கக் கோர்ட்டுக்கு நடக்க வேண்டும். நடந்தவர்கள் பலருக்கு வக்கீல் பீஸ் கொடுத்த பிறகு உகப்பும் இல்லை, உடைமையும் இல்லை. தேரூர்க் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இந்தக் கொடுமையைத்தான் 'மருமக்கள்வழி மான்மியம்' என்று ஒரு காரணவரின் ஐந்தாவது மனைவியின் வாயால் சொல்ல வைத்தார். 1917, 1918-இல் 'தமிழன்' பத்திரிகையில் அது வெளிவந்தபோது நாஞ்சில் நாடு சிரித்தது, சிரித்துவிட்டு வெட்கப்பட்டது. 1926-இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்து, பாகம் பிரித்துக்கொள்ள வழி திறந்தது. சட்டம் வருவதற்கு முன்னால் யாராவது ஒருவர் பாதிக்கப்பட்டவர் பக்கம் நின்று பேச வேண்டியிருக்கிறது. அன்று அந்த வேலையைக் கவிஞர் செய்தார்.

பிறகு எல்லைக்கோடு மாறியது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தாய்த் தமிழகத்தோடு சேர்ந்தன. பாடுபட்டு, உயிர் கொடுத்துப் பெற்ற இணைப்பு அது. ஆனால் சரித்திரத்துக்கு ஒரு குறும்புத்தனம் உண்டு. ஐந்து மாதம் கழித்து, 1957 ஏப்ரல் 5-ஆம் தேதி கேரளத்தில் நம்பூதிரிபாடு மந்திரிசபை பதவியேற்றது. ஏப்ரல் 11-ஆம் தேதியே, ஆறாவது நாளில், குடியொழிப்பு நடவடிக்கைகளை நிறுத்தி வைக்கும் அவசரச் சட்டம் பிறந்தது. களியக்காவிளைக்கு அப்பால் இருந்த குடிசைக்காரனுக்கு அன்றிரவு நல்ல தூக்கம் வந்திருக்கும். இப்பால் இருந்தவனுக்கு அந்தச் சட்டம் பக்கத்து வீட்டுப் பாயசம். வாசனை மட்டும் வரும்.

தமிழகமும் சும்மா இருக்கவில்லை. கீழத் தஞ்சையில் கூலி கூட்டிக் கேட்டவனை 'குடிசையைக் காலி செய்' என்று மிரட்டுவது வழக்கமாயிருந்தது. உழைப்பவனின் குடியிருப்பைப் பறிக்கக் கூடாது என்று 1961-இல் ஒரு சட்டம். அந்த மனையே அவனுக்குச் சொந்தம் என்று 1971-இல் இன்னொரு சட்டம். பத்து வருஷ இடைவெளியில் 'இருக்கலாம்' என்பது 'உன்னுடையது' என்று ஆயிற்று. எவ்வளவு பெரிய தூரம்!

கிராமத்தில் நிலைமை இப்படித் திருந்தி வந்தபோது, பிழைப்புத் தேடி ஜனங்கள் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள். அங்கே நிலம் இல்லை, வாடகைதான். சென்னையில் 1946, 1949, 1960 என்று வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் வந்தன. 2017-இல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். காலி செய்ய வைக்க வேண்டுமானால் வாடகைக் கோர்ட்டுக்குப் போக வேண்டும். குடியிருப்பவரை விரட்டுவதற்காகத் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தக் கூடாது. நல்ல விதிகள். ஆனால் ஒரு மாதக் காய்ச்சலில் வேலை போய், இரண்டு மாத வாடகை நிலுவையில் நிற்கிறவனுக்கு இந்த விதிகளைச் சொல்ல யார் இருக்கிறார்கள்? அவனுக்குத் தெரிந்த சட்டமெல்லாம் வாசலில் வந்து நிற்கும் வீட்டுக்காரரின் குரல் ஒன்றுதான்.

வாடகையும் கொடுக்க முடியாதவர்கள் நடைபாதைக்கு வந்தார்கள். சேலத்துப் பக்கம் மழை பொய்த்ததால் 1961-இல் பம்பாய்க்குப் போன நிலமற்ற தொழிலாளி ஒருவரின் கதை உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. நாள் கூலி 23 ரூபாய். நடைபாதையில் ஒரு பிளாஸ்டிக் கூரைக்காக 2,500 ரூபாய் பறிகொடுத்து, மனைவியோடும் மூன்று பெண் குழந்தைகளோடும் இருந்தார். 1981 ஜூலை மாதம், கொட்டும் மழைக்காலத்தில், மாநகராட்சி அதைப் பிரித்தெறிந்து குடும்பத்தைச் சேலத்துக்குப் பஸ் ஏற்றிவிட்டது. மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு அவர் மறுபடி பம்பாய்க்கே வந்தார், மறுபடி நடைபாதைதான். வேலை அங்கேதானே இருக்கிறது? 1985 ஜூலை 10-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. பிழைப்புக்கான உரிமையும் உயிர்வாழும் உரிமையில் அடக்கம் என்று ஐந்து நீதிபதிகள் சொன்னார்கள். மழைக்காலம் முடிந்த பிறகு குடிசைகளை அகற்றலாம் என்றும் அவர்களே சொன்னார்கள். ஒரு கையால் கொடுத்ததை மறு கை முழுதாக விட்டுவிடவில்லை.

2010-இல் உச்ச நீதிமன்றம் இன்னோர் அடி வைத்தது: பெரிய நகரங்களில் ஒரு லட்சம் ஜனத்தொகைக்கு ஓர் இரவுபகல் காப்பகம் வேண்டும். அடுத்த வருஷக் குடிமதிப்பில் வீடற்றவர்கள் என்று நாடு முழுவதும் எண்ணப்பட்டவர்கள் 17 லட்சத்துக்கும் மேல். 2013-இல் மத்திய சர்க்கார் இதற்கென ஒரு திட்டம் வகுத்தது. சென்னையில் கட்டடமும் செலவும் மாநகராட்சியுடையது. நடத்தும் பொறுப்பு தொண்டு ஸ்தாபனங்களுடையது. நள்ளிரவில் பஸ் நிலையத்தில் சுருண்டு கிடக்கும் கிழவியிடம் போய், பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, 'வா பாட்டி' என்று கூப்பிட ஆபீஸ் பைலுக்குத் தெரியாது. அந்த வேலைக்கு மனிதர்கள் வேண்டும்; மனிதர்களுக்குச் சம்பளம் வேண்டும். நகரத்தின் பணமும் தொண்டரின் மனமும் சேர்ந்த இந்த ஏற்பாடு நல்ல ஏற்பாடு.

ஆனாலும் இது புது உருவில் வந்த வழியம்பலம்தான். வழிக்கு வந்த பிறகுதான் கதவு திறக்கிறது. வழிக்கு வராமல் தடுக்க வேறு சில தேசங்களில் நகரங்களே செலவு செய்கின்றன. நியூயார்க்கில் 2017-இல் ஒரு சட்டம் செய்தார்கள். வீட்டுக்காரர் வழக்குப் போட்டால், ஏழைக் குடித்தனக்காரருக்காக வக்கீல் நிற்பார், பீஸ் நகரத்தினுடையது, வக்கீல் லாபம் கருதாத சட்ட உதவி ஸ்தாபனத்தைச் சேர்ந்தவர். இங்கிலாந்தில் 2018-இல் அமலுக்கு வந்த சட்டப்படி, 56 நாளுக்குள் வீடிழக்கக்கூடும் என்ற நிலையில் ஒருவர் வந்து சொன்னாலே, அதைத் தடுக்க முயல்வது நகரசபையின் கடமை. நம் 1867 விளம்பரத்தின் கருத்தும் இதுதான். அவர்கள் விளம்பரத்தோடு ஓர் ஆளையும் அனுப்புகிறார்கள்; வித்தியாசம் அவ்வளவே.

வீட்டுக்காரர்கள் எல்லாரும் கொடுமைக்காரர்கள் அல்லர். வாடகை ஒன்றையே நம்பிச் சாப்பிடும் விதவைகளும் பென்ஷன்காரர்களும் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். நிலுவை வாடகையை ஒருமுறை கொடுத்து உதவும் நிதி இருந்தால் அவர்கள் வீட்டிலும் அடுப்பெரியும். பொதுப்பணம் வாங்கும் ஸ்தாபனம் கணக்குக் காட்ட மறந்துவிடும் என்று பயப்படுகிறவர்களும் உண்டு. பயம் நியாயம்தான். கணக்குக் கேளுங்கள், கறாராகக் கேளுங்கள். எத்தனை பேர் வந்து படுத்தார்கள் என்பதோடு, எத்தனை பேர் வர வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று என்றும் கேளுங்கள்.

2019-இல் நாகர்கோவில் மாநகராட்சியாயிற்று. சாலைக்கும் சாக்கடைக்கும் விளக்குக்கும் வரவுசெலவில் இடம் ஒதுக்குகிற எந்த நகரமும், வாடகைக் கோர்ட் வாசலில் உட்கார ஒரு தொண்டருக்கும், வேலையிழந்த மாதத்தில் கைகொடுக்க ஒரு சிறு நிதிக்கும் இடம் ஒதுக்க முடியாதா? சுமைதாங்கியின் தயவு வழிநடையாகச் சுமக்கிறவனுக்கு மட்டும்தானா? வீட்டுக்குள்ளேயே சுமையோடு நிற்கிறவனுக்கும் ஒரு கல் நட வேண்டிய காலம் இது.