ஒண்ணு செஞ்சாச்சு, ஆயிரம் செய்ய முடியுமா?

எங்க வட்டத்துக்கு வருகிற தம்பி ஒருத்தன், போன லீவில் கையில் பிடித்து விளையாடுகிற கேம் கருவி ஒன்றைத் தானே செய்து கொண்டுவந்தான். சின்னத் திரை, ஆறு பொத்தான், பழைய போனில் இருந்து கழற்றின பெட்டரி, எல்லாவற்றையும் மூட ஒரு சோப்புப் பெட்டி. ஓன் பண்ணினதும் பாம்பு ஓடியது. கண்டி வாவிக்கரையில் உட்கார்ந்திருந்த நாங்க எல்லோரும் மாறி மாறி விளையாடினோம். "டேய், இதை வித்தா என்ன?" என்று ஒருத்தர் ஆரம்பிக்க, அவன் உடனே கணக்குப் போட்டான். அம்மா போட்ட சீட்டு அடுத்த மாதம் விழும். அந்தக் காசில் ஒரு 50 செய்து பார்க்கலாமா?

"செய்" என்று சொல்லவும் பயம், "வேணாம்" என்று சொல்லவும் மனசு வரவில்லை. அம்மாவின் சீட்டுக் காசு தானே. அதனால், இதற்கு முன் இப்படி இறங்கினவர்களுக்கு என்ன நடந்தது என்று தேடிப் பார்த்தோம். அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

பேர் இல்லாத பெட்டி

எங்க அண்ணாமார், அக்காமார் காலத்தில் கண்டியில் கேம் என்றால் பிரிக் கேம்தான். பெரஹெரா காலத்து நடைபாதைக் கடைகளில் விளையாட்டுச் சாமானோடு சாமானாகக் கிடக்கும். பெட்டியில் "9999 கேம்" என்று போட்டிருக்கும். உள்ளே இருப்பது ஒரு கை விரலுக்குள் எண்ணக்கூடிய கேம்கள். வேகத்தையும் கட்டத்தையும் மாற்றி மாற்றி எண்ணிக்கையை ஏற்றியிருப்பார்கள். முக்கியமானது டெட்ரிஸ். மொஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் 1984இல் உருவாக்கிய அதே விளையாட்டு.

பென்டோர்ச் பெட்டரி போட்டால் போதும், வாரக்கணக்கில் ஓடும். தெல்தோட்டை, புசல்லாவைப் பக்கம் கரண்ட் வராத லயத்து வீட்டிலும் வேலை செய்யும். ஆனால் அதைச் செய்த கம்பனியின் பேர் யாருக்கும் தெரியாது. சீனாவில் பல தொழிற்சாலைகள் ஒரே மாதிரி செய்து தள்ளின. பேரும் இல்லை, விளம்பரமும் இல்லை, விற்ற பிறகு பொறுப்பும் இல்லை. பழுதானால் தூக்கிப் போட வேண்டியதுதான். அதனால்தான் அந்த விலைக்குக் கொடுக்க முடிந்தது.

தம்பி செய்ய நினைப்பது அப்படியான பெட்டி இல்லை. அவன் பேர் அதில் இருக்கும். அவனுக்குத் தெரிந்தவர்கள்தான் வாங்குவார்கள்.

கியோட்டோவில் ஒரு மெஷின் திருத்துபவர்

பேரோடு செய்தவர்களின் கதை ஜப்பானில் தொடங்குகிறது. கண்டி மாதிரியே மலைகள் சூழ்ந்த பழைய அரச தலைநகரம் கியோட்டோ. அங்கே 1889இல் சீட்டுக்கட்டு செய்யத் தொடங்கிய கம்பனிதான் நிண்டெண்டோ. குன்பெய் யோகோய் என்பவர் 1965இல் அங்கே வேலைக்குச் சேர்ந்தது கேம் செய்ய இல்லை, சீட்டு அச்சடிக்கும் மெஷின்களைப் பராமரிக்க.

ரயிலில் ஒருவர் பொழுதுபோகாமல் கல்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து அவருக்கு ஒரு யோசனை வந்ததாகச் சொல்வார்கள். அதிலிருந்து 1980இல் "கேம் அண்ட் வோச்" வந்தது. 1989 ஏப்ரலில் கேம்போய் வந்தது. யோகோயின் கொள்கை எளிமையானது: புதிய தொழில்நுட்பத்துக்குப் பின்னால் ஓடாதே. பழசாகி விலை குறைந்த பாகத்தை எடு, அதைப் புது விதமாகப் பயன்படுத்து. கேம்போயின் திரையில் வர்ணம் கிடையாது. ஆனால் நான்கு பென்டோர்ச் பெட்டரியில் நீண்ட நேரம் ஓடியது. அடுத்து வந்த கேம்போய் கலரையும் சேர்த்தால் 11 கோடிக்கு மேல் விற்றது.

இதை வாசித்ததும் எங்களுக்கு உற்சாகமாகத்தான் இருந்தது. பழைய பாகம், நல்ல மூளை. இரண்டும் கண்டியில் இருக்கிறது தானே? போன் திருத்துகிற கடைகளில் உட்கார்ந்திருக்கிற பொடியன்களைப் பாருங்கள்.

ஆனால் யோகோயின் கதை அங்கே முடியவில்லை. 1995இல் அவர் செய்த "வெர்ச்சுவல் போய்" படுதோல்வி. நிண்டெண்டோ அந்த நட்டத்தைத் தாங்கிக்கொண்டு அடுத்த வேலையைப் பார்த்தது. 1996இல் யோகோய் விலகி, அதே கியோட்டோவில் "கோட்டோ" என்ற சின்னக் கம்பனியை ஆரம்பித்தார். அங்கே "வொண்டர்ஸ்வான்" என்ற புதிய கருவியின் வேலை நடந்தது. ஒரே ஒரு பென்டோர்ச் பெட்டரியில் ஓடும் கருவி அது. 1997இல் அவர் வீதி விபத்தில் இறந்துபோனார். 1999இல் கருவி கடைக்கு வந்தபோது அதில் இருந்த பேர் பண்டாய். விளையாட்டுப் பொருள் துறையில் பெரிய கம்பனி.

கவனியுங்கள்: அதே மனிதர், அதே கை, அதே கொள்கை. சின்னக் கம்பனிக்கு வந்ததும், செய்து விற்க ஒரு பெரிய கம்பனி தேவைப்பட்டது. அப்படியும் சில வருடங்களில் வொண்டர்ஸ்வான் சந்தையை விட்டுப் போனது. அப்போ பிரச்சினை திறமையில் இல்லை.

செய்தவர்கள் ஒருத்தர், பேர் இன்னொருத்தருக்கு

கேம்போய் வந்த அதே 1989இல் அமெரிக்காவில் இன்னொரு கருவி வந்தது: அட்டாரி லிங்ஸ். வர்ணத் திரை உள்ள முதல் கையடக்க கேம் கருவிகளில் ஒன்று. இதை உருவாக்கியது அட்டாரி இல்லை, எபிக்ஸ் என்ற கேம் கம்பனி. மாதிரியைச் செய்து முடித்தார்கள், வேலையும் செய்தது. ஆனால் தொழிற்சாலையில் போட்டு எடுக்கக் காசு இல்லை. வேறு கம்பனிகளின் கதவைத் தட்டிக் கடைசியில் அட்டாரியிடம் கொடுத்தார்கள். அந்த வருடம் முடிவதற்குள் எபிக்ஸ் திவாலானது. லிங்ஸும் கேம்போயை வெல்லவில்லை. விலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, ஆறு பெட்டரி போட்டாலும் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.

பக்கத்தில், பெங்களூரில்

ஜப்பானும் அமெரிக்காவும் தூரம். நமக்குப் பக்கத்தில் நடந்ததையும் பார்ப்போம். அது கேம் கருவி இல்லை, ஆனால் கைக்குள் அடங்கும் அதே மாதிரிப் பெட்டி, அதே மாதிரிச் சிக்கல்.

1998இல் பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர்களும் என்கோர் என்ற மென்பொருள் கம்பனியும் சேர்ந்து "சிம்ப்யூட்டர்" என்ற கையடக்க கம்பியூட்டரைத் திட்டமிட்டார்கள். எளிமை, குறைந்த விலை, பல மொழி: இதுதான் நோக்கம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் பயன்படுத்தலாம், எழுத்தை வாசித்துச் சொல்லும். ஹிந்தி, கன்னடத்தோடு தமிழிலும் பேசும். ஒரு கிராமமே ஒரு கருவியைப் பகிரலாம், ஆளுக்கு ஒரு ஸ்மார்ட் கார்ட் இருந்தால் போதும்.

2001 ஏப்ரலில் மாதிரியைக் காட்டினார்கள். உலகப் பத்திரிகைகள் கொண்டாடின. ஆனால் கொண்டாடினவர்கள் யாரும் முதல் போடவில்லை. கம்பனிகள் சின்னது, பாகங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்க வேண்டியிருந்தது, விலை இறங்கவில்லை. பேராசிரியர்கள் ஆரம்பித்த பிகோபெட்டா கம்பனியின் "அமிடா சிம்ப்யூட்டர்" 2004 ஏப்ரலில்தான் கடைக்கு வந்தது. செய்து கொடுத்தது பாரத் எலக்ட்ரோனிக்ஸ் என்ற அரச நிறுவனம். ஆகக் குறைந்த விலை கிட்டத்தட்ட 10,000 இந்திய ரூபா. கருவியை அசைத்தால் புரிந்துகொள்ளும் வசதிகூட அதில் இருந்தது. ஐபோன் வர இன்னும் மூன்று வருடம் இருந்தது.

50,000 விற்கும் என்று எதிர்பார்த்தார்கள். சுமார் 4,000தான் விற்றது. காட்டினதற்கும் விற்றதற்கும் இடையில் போன அந்த மூன்று வருடத்தில், சாதாரண மொபைல் போனின் விலை இறங்கி ஊருக்குள் வந்துவிட்டது. தமிழ் பேசும் ஒரு பெட்டி நம்ம கைக்கு வராமலே போனது இப்படித்தான்.

முன்கூட்டியே காசு வாங்கினால்?

"இப்ப ஒன்லைனில் முன்பதிவு எடுத்து, அந்தக் காசில் செய்யலாமே" என்று எங்களில் ஒருத்தர் கேட்டார். அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள்.

ஐரோப்பாவில் சில ஆர்வலர்கள் சேர்ந்து "பண்டோரா" என்ற கருவிக்கு 2008 செப்டெம்பரில் முன்பதிவு தொடங்கினார்கள். முதல் கருவிகள் ஆட்கள் கைக்குப் போனது 2010 மே மாதம். வெளி உறையின் அச்சு சரியாக வருவதற்கே காலம் போனது. காசு கட்டின சிலர் வருடக்கணக்காகக் காத்திருந்தார்கள். ஸ்பெயினில் "ஸ்மாக் இசட்" என்ற கருவிக்கு 2016இல் பொதுமக்களிடம் லட்சக்கணக்கான யூரோ திரட்டினார்கள். 2021இல் கம்பனி திவால். அதே வருடம் ஜூலையில், அதே மாதிரி யோசனையோடு, வால்வ் என்ற பெரிய கம்பனி "ஸ்டீம் டெக்" கருவியை அறிவித்தது.

தப்பித்த ஒன்றும் இருக்கிறது. அமெரிக்காவில் பெனிக் என்ற சின்ன மென்பொருள் கம்பனி "பிளேடேட்" என்ற கருவியை 2019இல் அறிவித்தது. பக்கத்தில் சுழற்றுகிற கைப்பிடி, கறுப்பு வெள்ளைத் திரை. 2021 ஜூலையில் முன்பதிவு திறந்ததும் 20 நிமிடத்துக்குள் 20,000 போனது. அதற்குப் பிறகு, செய்து வந்த முதல் 5,000 கருவிகளின் பெட்டரியில் கோளாறு என்று தெரிந்தது. எல்லாவற்றையும் திருப்பி அனுப்பி மாற்றினார்கள். உலகம் முழுக்கச் சிப் தட்டுப்பாடு வந்ததால் உள்ளே இருக்கிற பலகையையே வேறு சிப்புக்கு மாற்றி வடிவமைத்தார்கள். 2022 ஏப்ரலில்தான் அனுப்பத் தொடங்கினார்கள். எப்படித் தாங்கினார்கள்? 1997இல் இருந்து மென்பொருள் விற்று வந்த வருமானம் இருந்தது. வேறு ஆட்கள் செய்த கேம்களை வெளியிட்ட வருமானமும் இருந்தது. பிளேடேட் தாமதமானால் வீட்டு அடுப்பு அணையாது.

கண்டியில் இருந்து கணக்குப் போட்டால்

இந்தக் கதைகளில் திரும்பத் திரும்ப வருவது ஒன்றுதான். முதல் கருவியைச் செய்ய முடியாமல் யாரும் விழவில்லை. முதலாவதுக்கும் ஆயிரமாவதுக்கும் நடுவில் விழுந்தார்கள்.

ஏன் என்று ஒரு உதாரணக் கணக்கில் பார்ப்போம். பிளாஸ்டிக் உறைக்கு அச்சு செய்ய 6,000 டொலர் என்று வைத்துக்கொள்வோம். பத்து லட்சம் கருவி செய்தால், ஒன்றுக்கு ஒரு சதத்துக்கும் குறைவு. ஆயிரம் செய்தால் 6 டொலர். 50 செய்தால் 120 டொலர். டொலர் 300 ரூபா என்றால் உறைக்கு மட்டும் 36,000 ரூபா. திரையும் அப்படித்தான். ஆயிரம் எடுப்பவருக்கு ஒரு விலை, ஐம்பது எடுப்பவருக்கு இன்னொரு விலை. இடையில் அந்தத் திரை செய்வதையே நிறுத்திவிட்டால், பலகையைத் திரும்ப வரைய வேண்டும். லித்தியம் பெட்டரியைத் தனியாக விமானத்தில் அனுப்புவதற்கும் கடுமையான விதிகள் இருக்கு.

இதற்கு மேல் நம்ம நாட்டுச் சிக்கல். 2022 மார்ச் ஆரம்பத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதம் 360ஐத் தொட்டது. ஜனவரியில் 100 டொலர் பாகத்துக்கு 20,000 ரூபா கணக்கு வைத்து ஒருத்தர் முன்பதிவு எடுத்திருந்தால், மே மாதம் அதே பாகத்துக்கு 36,000 ரூபா தேட வேண்டும். அந்த ஓகஸ்டில் 300க்கு மேற்பட்ட பொருள் வகைகளின் இறக்குமதியையே தற்காலிகமாக நிறுத்தினார்கள். அந்த வருடம் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பெரிய கம்பனிக்கு அது ஒரு மோசமான வருடம். சீட்டுக் காசில் தொடங்கினவருக்கு அது கடைசி வருடம்.

தம்பிக்குச் சொன்னது

கடைசியில் இதையெல்லாம் அவனிடம் சொன்னோம். "அப்ப வேணாம்ங்கிறீங்களா?" என்று கேட்டான். அப்படிச் சொல்லவில்லை.

50 வேண்டாம், 10 செய். அச்சு வேண்டாம், உறையை 3டி பிரின்ட் போடு. எல்லாக் கடையிலும் கிடைக்கிற பழைய திரையை எடு, ஒன்று நின்றாலும் இன்னொன்றைப் போடலாம். கருவி கையில் இருக்கும்போது காசு வாங்கு, வாக்குறுதிக்குக் காசு வாங்காதே. பழுதானால் யாரும் திருத்தக்கூடிய மாதிரித் திருகாணி போட்டு மூடு, பசை வைத்து ஒட்டாதே. பத்தும் ஒழுங்காக ஓடினால் அடுத்ததைப் பற்றிப் பேசுவோம். பெரிய கம்பனிகள் செய்யாத ஒன்றை நீ செய்யலாம்: கேமில் வருகிற எழுத்து தமிழில் இருக்கட்டும்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "பத்துக்கு என் டியூஷன் காசே போதும்" என்றான். சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துச் சம்பாதித்த காசு அது.

இப்போது நான்கு முடிந்திருக்கிறது. இரண்டில் பொத்தான் சரியாக வேலை செய்யவில்லை, திருத்திக்கொண்டிருக்கிறான். சீட்டு விழுந்துவிட்டது. அம்மா அதில் வீட்டுக் கூரைக்குத் தகரம் வாங்கிவிட்டார்.