தந்தை செல்வாவும் நமது வாவிக்கரையும்

மலாயாவின் ஈப்போவிற் பிறந்து, கொழும்பிலே சிவில் வழக்கறிஞராய்ப் பெயரெடுத்த ஒரு கிறித்தவப் பெரியாரை, எழுவான்கரையும் படுவான்கரையும் தந்தையென ஏற்றது எவ்வாறு? திரு. சா. ஜே. வே. செல்வநாயகம் அவர்களின் அரசியல் வாழ்வை ஆராய்வோர்க்கு முதலில் எழும் வினா இதுவே.

1947இல் தமிழ்க் காங்கிரசின் சார்பிற் காங்கேசன்துறையில் வென்று பாராளுமன்றம் புகுந்தார். மறு ஆண்டு மலைநாட்டுத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த சட்டம் வந்தபோது, மந்திரிசபையிற் சேர்ந்த தலைவர் பொன்னம்பலத்தை விட்டுப் பிரிந்தார். 1949 டிசம்பர் 18இல் இலங்கைத் தமிழரசுக் கட்சி தோன்றிற்று. 1952 தேர்தலில் அக்கட்சிக்குக் கிடைத்தவை கோப்பாயும் திருகோணமலையுமாகிய இரு தொகுதிகளே; தலைவரே தோற்றார். அவர் வேற்று மதத்தவர் என்பதும் அங்கே பேசப்பட்டதாம். சைவத்தின் பெயரால் அவ்வாறு பேசியோரை எண்ணி நாம் நாணவே வேண்டும்.

கட்சி பிறந்த அதே ஆண்டிலேதான் பட்டிப்பளையாற்றிற் கல்லோயா அணைக்கட்டு வேலையும் தொடங்கிற்று. குடியேற்றம் தொடர்ந்தது. வயலை நம்பி வாழும் நம்மவர்க்கு மொழிக்கு முன்னே காணியே கவலை. இவ்விரண்டையும் ஒரே கோரிக்கையாகப் பிணைத்தமையே செல்வநாயகத்தின் தனிப்பெருமை என்போம். 1956இல் கட்சி பத்துத் தொகுதிகளை வென்றது. மட்டக்களப்பில் இராசதுரை வென்றார். கல்முனையிலும் பொத்துவிலிலும் முஸ்லிம் வேட்பாளர் இருவர் அக்கட்சியின் பெயரால் வென்று, பின்னர் விலகினர். பட்டிருப்பு 1960 வரை காத்திருந்து இராசமாணிக்கத்தை அக்கட்சியின் சார்பில் அனுப்பிற்று.

1957 ஜூலை 26இல் பிரதமர் பண்டாரநாயக்காவுடன் செய்த உடன்படிக்கையிற் காணி பெறுவோரைத் தெரியும் உரிமை பிரதேச சபைகளுக்கு அளிக்கப்பட்டது. நமக்கு அதன் உயிர்நிலை அதுவே. ஓராண்டு நிறையுமுன், 1958 ஏப்ரலில், பிரதமரே அதனைக் கைவிட்டார். 1961இல் சத்தியாக்கிரகம் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கும் பரவி, வாவியோரத்து ஒல்லாந்தர் கோட்டையிலிருந்த கச்சேரியின் வாயிலை மறித்தது. ஏப்ரலில் அவசரகாலச் சட்டமும் இராணுவமும் அதனை அடக்கின. 1965இல் டட்லி சேனநாயக்காவுடன் செய்த ஒப்பந்தமும் காணியைப் பேசிற்று, அதுவும் நிறைவேறவில்லை.

1972இல் புதிய அரசியலமைப்பை எதிர்த்துத் தம் ஆசனத்தைத் துறந்தார். இடைத்தேர்தல் 1975 பெப்ரவரி வரை இழுத்தடிக்கப்பட்டது. நடுங்கும் கையும் மங்கிய செவியுமாய் நின்று பெருவெற்றி பெற்றார். 1976இல் வட்டுக்கோட்டையிலே தனிநாட்டுத் தீர்மானம் அவர் தலைமையில் நிறைவேறிற்று. 1977 ஏப்ரல் 26இல் அவர் மறைந்தார். அதன்பின் இரண்டாண்டு செல்லுமுன்னே, 1956 முதல் மட்டக்களப்புத் தொகுதியைக் காத்துவந்த இராசதுரை அரசாங்கக் கட்சியிற் சேர்ந்து மந்திரியானார்.