ஏர்முனையில் தட்டுப்பட்ட விண்கற்கள்

வானத்திலிருந்து கல் விழும் என்பதை முதலில் அறிந்தவர் உழவர். கடைசியில் ஒப்புக்கொண்டவர் கற்றோர். எள்ளலுக்காகக் கூறுவதன்று இது; வரலாறு காட்டும் உண்மை. 1492ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள், அல்சேசுப் பகுதியின் என்சிசைம் என்னும் ஊரருகே, கோதுமை வயலில் பெருங்கல் ஒன்று பேரிடியோடு வந்து வீழ்ந்தது. அது வீழ்ந்ததைக் கண்டவன் ஒரு சிறுவன். ஊரார் அக்கல்லைத் தேவாலயத்தில் வைத்துக் காத்தனர். அதற்கு முந்நூறு ஆண்டுகள் கழிந்த பின்னரும் ஐரோப்பியப் பேரறிஞர் பலர், “வானில் கல் ஏது, விழுவதற்கு? பாமரர் பேச்சு!” என்னும் கருத்தினராகவே இருந்தனர். 1794இல் கிளாட்னி என்னும் செருமானியர் விண்கற்கள் வானவெளியினின்று வருவன என்று நூல் எழுதியபோது அவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் நகைப்பே. 1803 ஏப்ரல் 26ஆம் நாள் பிரான்சில் லேகில் நகரைச் சுற்றி ஏறத்தாழ 3,000 கற்கள் பொழிந்தன. அரசினர் அனுப்பிய இளம் அறிஞர் பியோ, ஊர் ஊராக நடந்து, கண்டவர் வாய்மொழிகளைத் திரட்டி அறிக்கை அளித்தார். அதன் பின்னரே ஐயம் பெரிதும் அகன்றது. குடியானவன் சொல்லைச் சான்றாக ஏற்கும் மனம் ஓர் அறிஞருக்கு வாய்த்ததால் ஒரு துறையே பிறந்தது எனலாம்.

விண்கற்களை அறிஞர் இருவகையாகப் பிரிப்பர். விழக் கண்டு எடுத்தவை ஒருவகை. எப்போது விழுந்தன என்றறியாமல் பின்னாளில் கண்டெடுக்கப்பட்டவை மற்றொரு வகை. நம் நாட்டில் புகழ்பெற்ற கற்கள் பலவும் முதல் வகையின. 1857 பிப்ரவரி 28ஆம் நாள் நம் மதுரை மாவட்டத்தில் இரண்டு கற்கள் விழுந்தன; எடை மொத்தம் 77 கிலோவுக்கு மேல். விழுந்த ஊரின் பெயரை ‘பர்னல்லி’ என்று வெள்ளையர் ஏடுகள் குறித்தன. அப்பெயரே உலகெங்கும் நிலைத்துவிட்டது. 1865 ஆகஸ்டு 25ஆம் நாள் பீகாரில் கயைக்கு அருகில் செர்காட்டியில் விழுந்த கல்லோ, செவ்வாய்க் கோளினின்று பெயர்ந்து வந்தது எனப் பிற்காலத்து ஆய்வில் தெளியப்பட்டது. அவ்வினக் கற்கள் அனைத்தும் இன்று அந்தச் சிற்றூரின் பெயரால் ‘செர்காட்டைட்டு’ என்றே வழங்குகின்றன.

இக்கட்டுரை எடுத்துக்கொண்டதோ இரண்டாம் வகை. விழுந்ததைக் கண்டவர் எவருமில்லை. கரிய கல்லாக மண்ணில் கிடக்கிறது. அதனை இன்னதென்று அறிவது எவர்? அவ்வரலாறு செழித்த இடம் அமெரிக்க நாட்டின் நடுவே பரந்து கிடக்கும் கான்சாசு மாநிலம். அங்கே பல பகுதிகளில் மைல் கணக்கில் நடந்தாலும் கூழாங்கல்லும் காண்பதரிது, எல்லாம் மண். அத்தகைய நிலத்தில் ஏர்முனை ‘ணங்’ என்று எதன்மீதேனும் மோதினால், அது அங்கே பிறந்த பொருளன்று என்று கொள்ள இடமுண்டு.

1885ஆம் ஆண்டளவில் அம்மாநிலத்தின் கயோவா மாவட்டத்தில், ஹேவிலண்டு ஊரருகே குடியேறினர் கிம்பர்லி தம்பதியர். ஊர் விட்டு ஊர் வந்து, கடன்பட்டு நிலம் திருத்தியவர்கள். அந்தப் பாடு நம் போன்று பிழைப்பைத் தேடி வந்தவர்க்கு விளக்க வேண்டாதது. அவ்வட்டாரத்தில் கரிய, பளுவான கற்கள் ஆங்காங்கே கிடந்தன. வைக்கோற்போர் காற்றில் பறவாதிருக்கவும், மழைநீர்ப் பீப்பாயின் மூடியை அழுத்தவும் குடியானவர் அவற்றைப் பயன்படுத்தினர். எலைசா கிம்பர்லி அம்மையார் மட்டும் அவற்றை வேறு கண்ணால் பார்த்தார். சிறு வயதில் விண்கல் ஒன்றை நேரில் கண்டிருந்த நினைவு அவருக்கு இருந்தது. உழும்போது புரண்டவற்றையும் வரப்பில் கிடந்தவற்றையும் அவர் ஒன்றுவிடாமல் சுமந்து வந்து வீட்டருகே குவித்தார். கணவருக்கு அது வீண் வேலையாகப் பட்டது, அக்கம்பக்கத்தார் நகைத்தனர். அம்மையார் சளைக்கவில்லை. கற்றறிந்தார் பலருக்குக் கடிதம் எழுதியவண்ணம் இருந்தார், ஏறத்தாழ ஐந்தாண்டுகள். கோப்புகளினிடையே காலம் கழிக்கும் என் போன்றோர்க்கு, மறுமொழி வாராத கடிதத்தின் கதி நன்கு தெரியும். எழுதியவர் எத்துணை எதிர்பார்ப்போடு அஞ்சற்காரரை நோக்கி நின்றிருப்பார் என்பதைத்தான் நாங்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

1890இல் டொப்பீகா நகரின் வாசுபர்ன் கல்லூரிப் பேராசிரியர் கிரேகின் நேரில் வந்தார். குவியலைக் கண்டதும் அவர் ஐயம் தீர்ந்தது. இரும்பின் இடையிடையே மஞ்சட்பச்சை மணிகள் பதித்தாற்போன்ற அருவகை விண்கற்கள் அவை. ‘பல்லசைட்டு’ என்பது அவ்வகையின் பெயர். அறுத்து மெருகிட்டு வெளிச்சத்தில் பிடித்தால் மாதாகோவில் சாளரத்து வண்ணக் கண்ணாடி போல் ஒளிவிடும். பேராசிரியர் விலை கொடுத்து வாங்கினார்; செய்தி பரவவே பிறரும் போட்டியிட்டு வந்தனர். நிலத்தின் மீதிருந்த அடமானக் கடன் கற்களாலேயே தீர்ந்தது. நகைத்த ஊரே பிறகு அந்நிலத்தை ‘விண்கல் பண்ணை’ என்று அழைத்தது. ஆயினும் விண்கற்களுக்கு அண்டையிலுள்ள இடத்தின் பெயரைச் சூட்டுவதே மரபு. எனவே பட்டியல்களில் அக்கற்கள் ‘பிரென்னம்’ என்று அவ்வட்டாரப் பெயரால் நிற்கின்றன. அம்மையார் பெயர் அங்கில்லை. இம்மரபு சரியானதே என்று அறிஞர் கூறுவர். எனக்கு ஏனோ மனம் ஒப்பவில்லை.

அம்மையாருக்கு வாய்த்த நற்பேறு, நிலமும் தம் குடும்பத்ததாகவே இருந்தது. அஃதில்லாதவர் நிலை யாது? அதே 1890ஆம் ஆண்டு மே 2ஆம் நாள், அயோவா மாநிலத்தின் பாரஸ்டு சிட்டி அருகே கற்கள் விழுந்தன. 66 ராத்தல் எடையுள்ள ஒரு கல் ஒருவருடைய புல்வெளியில் மூன்றடி ஆழத்திற் புதைந்தது. புல்லுக்கு மட்டும் குத்தகை எடுத்திருந்தவர் உடனிருக்க, வேறொருவர் அதைத் தோண்டியெடுத்து, வின்செல் என்பவருக்கு 105 டாலருக்கு விற்றுவிட்டார். நிலவுடைமையாளர் கோடார்டு வழக்குத் தொடுத்தார். வானிலிருந்து வந்த பொருள் எவருக்கும் உரியதன்று, கண்டெடுத்தவர்க்கே உரியது என்று எதிர்த்தரப்பினர் வாதிட்டனர். 1892இல் அயோவா உயர்நிலை மன்றம், மண்ணில் வந்து பதிந்த கல் மண்ணின் பகுதியே, ஆதலின் நிலத்தவர்க்கே உரியது என்று தீர்ப்பளித்தது. குத்தகைக்காரர் பெற்ற உரிமை புல்லோடு நின்றது. சட்டப்படி குறை காண்பதற்கில்லை. எனினும் உழுதவன் கையில் ஒன்றுமில்லை என்னும் பழங்கதை விண்கல்லிலும் தொடர்ந்ததே என்று தோன்றாமலில்லை.

பயிலாதவர் கண்ணை நம்பி ஒரு வாழ்நாளையே முதலீடு செய்தவர் ஹார்வி நைனிஞ்சர். கான்சாசில் 1887இல் பிறந்தவர். மெக்பெர்சன் கல்லூரியில் உயிரியல் ஆசிரியர். 1923 நவம்பர் 9ஆம் நாள் இரவு பெருங்கொள்ளி ஒன்று வானத்தைக் கிழித்துச் சென்றதைக் கண்டார். அன்று தொட்டு அவர் வாழ்வு மாறியது. சிற்றூர்ப் பள்ளிகளிலும் உழவர் கூட்டங்களிலும் பேசுவார். கையில் மாதிரிக் கல்லொன்று. “கரிய மேலோடு, அளவுக்கு மீறிய பளு, காந்தம் பற்றும் தன்மை; இவையுள்ள கல் கிடைத்தால் எனக்கு எழுதுங்கள், ராத்தலுக்கு ஒரு டாலர் தருகிறேன்” என்பதே அவர் பேச்சின் சாரம். வாழ்நாள் முழுதும் தேடினாலும் ஒரு கல் கிட்டுவதே அரிது என்று நிபுணர் ஒருவர் கைவிரித்ததாக அவரே எழுதியுள்ளார். 1930இல், நாடே பெருமந்தத்தில் தவித்துக்கொண்டிருந்தபோது, நிலையான வேலையைத் துறந்து டென்வர் நகருக்குக் குடிபெயர்ந்தார். மாதச் சம்பளத்தின் அருமை அறிந்த எவரும் இதைத் துணிச்சல் என்பதா, துடுக்கு என்பதா என்று திகைப்பர். கொட்டில் மூலையிலும் வேலியோரத்திலும் கிடந்த கற்கள் அவரை நாடி வந்தன. 1946இல் அரிசோனா நெடுஞ்சாலையோரம் அருங்காட்சியகம் அமைத்தார். பின்னர்த் திரட்டியவற்றில் ஒரு பகுதியை 1958இல் பிரிட்டிஷ் மியூசியமும், எஞ்சியவற்றில் பெரும்பகுதியை 1960இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகமும் விலைக்குப் பெற்றன. அவர் 1986இல் மறைந்தார்.

கிம்பர்லி பண்ணைக்கும் அவர் சென்றார். அங்கே காட்டெருமைகள் புரண்ட குட்டை என்று அனைவரும் எண்ணியிருந்த, 15 மீட்டர் அளவேயான பள்ளத்தை 1933இல் அகழ்ந்தபோது, அது விண்கல் மோதிய குழி எனத் தெளிவாயிற்று. அக்குழியின் மேல்தான் குடியானவர் பல்லாண்டுகள் ஏர் ஓட்டினர்!

வெள்ளையர் வருமுன்னரே இக்கற்களைப் போற்றியவர் உண்டு. நெடுந்தொலைவிலுள்ள ஓகையோவில் ஹோப்வெல் பண்பாட்டினரின் மண்மேடுகளில் கிடைத்த விண்கல், பிரென்னம் கற்களோடு ஒத்த ஒன்றே என்று வேதியியல் ஆய்வு காட்டியது. எவரோ அதைச் சுமந்து சென்றிருக்கிறார்.

நைனிஞ்சருக்குப் பின் கருவிகள் வந்தன. 1949இல் ஸ்டாக்வெல் என்னும் ஆர்வலர் உலோகங்காட்டும் கருவியால் 1,000 ராத்தல் கல்லொன்றை அதே வட்டாரத்தில் தோண்டியெடுத்தார். 2005இல் ஸ்டீவ் ஆர்னால்டு என்பார் ஏறத்தாழ 650 கிலோ எடையுள்ள மற்றொன்றைக் கண்டெடுத்தார். ஸ்டாக்வெல் கண்ட கல் கிரீன்சுபர்க்கு நகர அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருந்தது. 2007 மே 4ஆம் நாள் இரவு பெருஞ்சுழற்காற்று அந்நகரையே தரைமட்டமாக்கிச் சென்றது. இடிபாடுகளை அகற்றியபோது, அந்தக் கரிய கல் கேடின்றிக் கிடைத்தது.