வழிப்போக்கனும் வழிக்கடப்பு விசாவும்

வாப்பா மவுத்தாகிவிட்டார் என்ற செய்தி பரவியதும் வீட்டு வாசலில் கூடுகின்றவர்கள் முதலில் கேட்கும் கேள்வி எது என்பதை நம் கடற்கரையூர்க் குடும்பங்கள் நன்கறியும். “பிள்ளைக்குச் சொல்லியாச்சா? எப்ப வந்து சேருவான்?” என்பதே அது. அதற்கு விடை வரும் வரை கபுறு வெட்டுவோர் காத்திருப்பர். அடக்கம் அஸருக்கா, மறுநாள் ளுஹருக்கா என்று ஜமாஅத்தார் தயங்கி நிற்பர். ஜனாஸாவைத் தாமதியாது நல்லடக்கம் செய்தல் மார்க்கம் காட்டும் வழி. பெற்றவரின் முகத்தை இறுதியாக ஒருமுறை கண்டுவிட வேண்டும் என்பது பிள்ளையின் ஏக்கம். இவ்விரண்டுக்கும் இடையே இருப்பவை சில மணி நேரங்களே. அந்தச் சில மணி நேரத்தில் குறுக்கே வந்து நிற்கும் ஒரு சிறு தாளின் வரலாற்றை இங்கே சற்று விரிவாகக் காண்போம். ‘டிரான்சிட் விசா’ எனப்படும் வழிக்கடப்பு விசாவே அந்தத் தாள்.

ஒரு நாட்டிற்குள் செல்வதற்கு விசா வேண்டும் என்பதை யாவரும் அறிவர். ஆனால் ஒரு நாட்டிற்குள் செல்லாமல், அதன் விமான நிலையத்தில் இறங்கி, ஒரு கூடத்தில் இரண்டு மணி நேரம் அமர்ந்து, அடுத்த விமானத்தில் ஏறிச் செல்வதற்கும் விசா வேண்டும் என்பதைப் பலர் பயணச்சீட்டு வாங்கிய பின்னரே அறிகின்றனர். அதுவும் துக்கச் செய்தி கேட்டுப் பதறிப் புறப்படும் வேளையில் அறிகின்றனர்.

கப்பல் காலம்

நம் முன்னோர் கடல் கடந்து வாணிபம் செய்தவர்கள். காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், காரைக்கால் முதலிய ஊர்களிலிருந்து இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் அவர்கள் சென்று வந்த காலத்தில் இன்றுள்ள கெடுபிடிகள் இருந்ததில்லை. 1926இல் கட்டப்பட்ட ‘ரஜுலா’ கப்பல் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று நம்மவரை ஏற்றி இறக்கியது. மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்துச் சென்ற அப்பிரயாணம் ஒரு வார காலம் பிடித்தது.

அக்காலத்தில் அக்கரையில் உள்ள மகன் இக்கரையில் மவுத்தான தகப்பனாரின் அடக்கத்திற்கு வந்து சேர்வான் என்று எவரும் எதிர்பார்த்ததில்லை. தந்தி சென்று சேரும். மகன் அங்குள்ள பள்ளிவாசலில் காயிப் ஜனாஸா தொழவைப்பான். அபிசீனிய மன்னர் நஜ்ஜாஷி மறைந்தபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவில் இருந்தவாறே அவருக்காக ஜனாஸா தொழுகை நடத்தினார்கள். இதனை ஆதாரமாகக் கொண்டு, கண்ணெதிரே இல்லாத மையித்துக்குத் தொழுவதை ஷாஃபி மத்ஹபு அனுமதிக்கின்றது. ஹனஃபி மத்ஹபு அனுமதிப்பதில்லை. கடலோடிகளாய் வாழ்ந்த நம் ஷாஃபி ஊர்களுக்கு இத்தொழுகை எத்தகைய ஆறுதலாய் இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

கதவுகள் ஒவ்வொன்றாக அடைபட்டன. 1920இல் இந்தியாவில் கடவுச்சீட்டுச் சட்டம் வந்தது. நாடுகள் விடுதலை பெற்ற வேளையில், 1947இல் பர்மாவும் 1948இல் இலங்கையும் குடிவரவுச் சட்டங்களை இயற்றின. மலாயாவின் சட்டம் 1952இல் பிறந்தது. ஒரே கடலின் இரு கரைகளில் வாழ்ந்த ஒரே குடும்பத்தினர் ஒருவருக்கொருவர் அயல்நாட்டாராயினர்.

பின்னர் விமானம் வந்தது. ஒரு வாரப் பிரயாணம் ஒரு நாளுக்குள் அடங்கியது. அதன் பிறகுதான் “பிள்ளை வந்து சேருவானா?” என்னும் கேள்வியே நம் வீடுகளில் பிறந்தது. கப்பல் காலத்தில் இல்லாத ஒரு நம்பிக்கையை விமானம் தந்தது. அதனால், கப்பல் காலத்தில் இல்லாத ஓர் ஏமாற்றத்திற்கும் இடம் உண்டாயிற்று.

உபசாரமாகப் பிறந்த கூடம்

விமானம் மாறுவோர் தங்கும் கூடம் முதலில் பயணிக்குச் செய்யும் உபசாரமாகவே தோன்றியது. 1944 டிசம்பர் 7ஆம் நாள் சிகாகோ நகரில் சர்வதேச விமானப் போக்குவரத்து ஒப்பந்தம் கையெழுத்தானது. குடிவரவு, சுங்கம் ஆகியவற்றின் சம்பிரதாயங்களால் பயணிகளுக்கு வீண் தாமதம் நேராதவாறு அரசுகள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவ்வொப்பந்தத்தின் 22ஆம் பிரிவின் கருத்தாகும். இவ்வெளிமையை வளர்ப்பதற்கென்றே 1949இல் அதனுடன் ஒன்பதாம் இணைப்பும் சேர்க்கப்பட்டது. இதற்கிடையே 1947இல் அயர்லாந்தின் ஷானன் விமான நிலையத்தில், அட்லாண்டிக் கடலைக் கடக்கும் பயணிகளுக்காக வரியில்லாக் கடை திறக்கப்பட்டது. விமானம் மாறுவோர் அந்நாட்டிற்குள் நுழைந்தவர் ஆகார். ஆகவே அவருக்கு வரியில்லை என்பதே அக்கடைக்கு அடிப்படை.

‘இங்கே இருக்கிறார், ஆயினும் இந்நாட்டில் இல்லை’ என்னும் இச்சட்டக் கற்பனை அன்று பயணியின் நன்மைக்குப் பயன்பட்டது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னர் அதே கற்பனை அவருக்கு எதிராகத் திரும்பிற்று.

1985 முதல் 1987 வரை

திரும்பிய கதையில் தமிழ் மக்களுக்குப் பெரும் பங்குண்டு. 1983 ஜூலைக் கலவரத்தையடுத்து இலங்கைத் தமிழர்கள் உயிர் தப்பி ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் ஓடினர். 1985ஆம் ஆண்டு மே மாதத்தில் பிரிட்டன் இலங்கைக் குடிமக்கள் விசா பெற்றே வரவேண்டும் என விதித்தது. காமன்வெல்த் நாடொன்றின் மீது பிரிட்டன் இவ்வாறு விசா விதித்தது அதுவே முதல் முறை. மறு ஆண்டில் இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ், கானா, நைஜீரியா ஆகிய நாடுகளும் அவ்வரிசையில் சேர்க்கப்பட்டன.

1987 பிப்ரவரியில் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில், தஞ்சம் கோரி வந்திறங்கிய ஐம்பதுக்கும் மேற்பட்ட தமிழர்களைத் திருப்பியனுப்ப அதிகாரிகள் முயன்றனர். அவர்களிற் சிலர் விமானத்தின் அருகே தம் உடைகளைக் களைந்து நின்று மறுத்தனர். மானத்தைப் பெரிதெனக் கொண்ட மக்கள், உயிருக்காக அதையும் விட்டு நின்ற காட்சியை உலகம் கண்டது. அடுத்த மாதமே ஒரு மசோதா பிரிட்டிஷ் பாராளுமன்றத்தின் முன் வந்து, அவ்வாண்டிலேயே சட்டமாயிற்று. உரிய தாள்கள் இல்லாத பயணியை ஏற்றி வரும் விமானக் கம்பெனி தலைக்கு 1000 பவுன் செலுத்த வேண்டும் என்றது அச்சட்டம். 1991இல் அத்தொகை 2000 பவுனாக உயர்ந்தது.

இந்நிகழ்ச்சியின் உட்பொருளை நாம் கவனிக்க வேண்டும். அதுவரை எல்லையில் நின்றவர் அரசு அதிகாரி. இச்சட்டத்தால் அந்த எல்லை, புறப்படும் ஊரின் விமான நிலையத்திற்கே இடம் பெயர்ந்தது. சீட்டைப் பார்த்துப் பெட்டியை நிறுத்துப் பயணியை அனுப்பும் கம்பெனிச் சிப்பந்தியே அதிகாரியானார். தவறு செய்தால் தம் கம்பெனி அபராதம் கட்ட நேரும் என்று அஞ்சுபவர், ஐயம் தோன்றுமிடத்தில் மறுப்பதையே பாதுகாப்பு என்று கருதுவார்.

அதன் பின்னும் ஒரு வழி எஞ்சியிருந்தது. வேறொரு நாட்டுக்குச் சீட்டு வாங்கி, நடுவில் விமானம் மாறும் இடத்தில் தஞ்சம் கோருவதே அது. அதையும் அடைப்பதற்காகப் பிரிட்டன் 1993இல் வழிக்கடப்பு விசாவை ஏற்படுத்தியது. அதன் முதற் பட்டியலிலேயே இலங்கை இடம்பெற்றது. 1996 மார்ச் மாதம் ஐரோப்பிய ஒன்றியம் பத்து நாடுகளின் பொதுப்பட்டியலை வகுத்தது. 2009இல் அதன் விசாச் சட்டத்தொகுப்பில் பட்டியல் பன்னிரண்டாயிற்று: ஆப்கானிஸ்தான், பங்களாதேஷ், காங்கோ ஜனநாயகக் குடியரசு, எரித்திரியா, எத்தியோப்பியா, கானா, ஈரான், ஈராக், நைஜீரியா, பாகிஸ்தான், சோமாலியா, இலங்கை. முஸ்லிம்கள் பெரும்பான்மையாகவோ பெருந்தொகையினராகவோ வாழும் நாடுகள் இவற்றில் எத்தனை என்பதை வாசகர்களே எண்ணிக்கொள்ளலாம். பிரிட்டனும் வேறு சில ஐரோப்பிய நாடுகளும் தத்தம் தனிப்பட்டியல்களில் இந்தியாவையும் சேர்த்தன. அமெரிக்காவோ, விசாவின்றி விமானம் மாறிச் செல்ல அளித்துவந்த சலுகையை 2003 ஆகஸ்டில் நிறுத்தியது.

போரின் கொடுமைக்கு இலங்கைத் தமிழரும் முஸ்லிம்களும் ஒருங்கே ஆளாயினர். 1990 அக்டோபரில் வடமாகாணத்திலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்கள் புத்தளத்தில் அகதிகளாய் வாழ்ந்ததை நாம் மறக்கவில்லை. ‘இலங்கை’ என்று பட்டியலில் எழுதப்பட்ட ஒரு சொல் யாரையும் பிரித்துப் பார்ப்பதில்லை. அகதியைத் தடுக்க வைத்த கதவு, அடக்கத்திற்கு ஓடும் மகனையும் தடுக்கின்றது.

இருபது நாள்

1992 மார்ச் மாதம் சோமாலிய நாட்டைச் சேர்ந்த சிலர் டமாஸ்கஸிலிருந்து பாரிஸ் ஓர்லி விமான நிலையம் வந்திறங்கினர். பிரான்சுக்குள் அவர்களை விடவில்லை. விமானம் மாறுவோர்க்குரிய பகுதியிலும் அதற்கென அமர்த்தப்பட்ட ஓட்டற் பகுதியிலும் இருபது நாட்கள் காவலில் இருந்த பின்னர் சிரியாவுக்கே அவர்கள் திருப்பியனுப்பப்பட்டனர். அவர்கள் சிறையில் இல்லை, விரும்பினால் வேறு நாட்டிற்குப் பறந்து செல்லலாமே என்று பிரெஞ்சு அரசு வாதிட்டது. ஏற்றுக்கொள்ள எந்த நாடும் இல்லாதவர்க்கு அச்சுதந்திரம் வெறுஞ்சொல்லே என்று கண்ட ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், இது சுதந்திரத்தைப் பறித்த செயலே என 1996 ஜூன் 25இல் தீர்ப்பளித்தது. ‘இருந்தும் இல்லாத இடம்’ என்னும் கற்பனைக்கு நீதிமன்றம் இட்ட கடிவாளம் அது.

சட்டத்தில் உள்ள இரக்கம்

நியாயமாகப் பேசுவதானால், சட்டம் முற்றிலும் இரக்கமற்றதன்று என்பதையும் சொல்ல வேண்டும். ஐரோப்பியச் சட்டத்தொகுப்பின் மூன்றாம் பிரிவு, அந்நாடுகளின் விசாவோ குடியிருப்பு அனுமதியோ உடையவர்களுக்கு விலக்களிக்கின்றது. கனடா, அமெரிக்கா, ஜப்பான் முதலிய சில நாடுகளின் அனுமதி பெற்றவர்களுக்கும் விலக்குண்டு. அவசரம் நிரூபிக்கப்பட்டால் முன்னறிவிப்பு நேரம் குறிக்காமலேயே தூதரகத்தில் மனுச் செய்யலாம் என்று ஒன்பதாம் பிரிவு இடந்தருகின்றது. முன்கூட்டி அறிய இயலாத அவசரத்தில் எல்லையிலேயே விசா வழங்கலாம் என்பது முப்பத்தைந்தாம் பிரிவு. நெருங்கிய உறவினரின் மரணமும் கடும் நோயும் அத்தகைய அவசரங்களென அதிகாரிகளுக்கான கைந்நூலே எடுத்துக்காட்டுகின்றது.

ஆனால் எல்லையை அடைந்தால் அல்லவா எல்லையில் மனுச் செய்ய முடியும்? விமானத்தில் ஏறுமுன்பே தடுக்கப்பட்டவருக்கு முப்பத்தைந்தாம் பிரிவால் என்ன பயன்? கம்பெனிச் சிப்பந்தியின் முன்னுள்ள ‘டிமாட்டிக்’ கம்ப்யூட்டர், இன்ன நாட்டவருக்கு இன்ன விமான நிலையத்தில் விசா தேவை என்று காட்டும்; அவருடைய தகப்பனார் மையித்தாகக் கிடக்கிறார் என்பதை அது காட்டாது. அரசு இரக்கத்தைத் தன் கையில் வைத்துக்கொண்டு, தண்டனையைக் கம்பெனியின் கையில் கொடுத்துவிட்டது. இதுவே இவ்வேற்பாட்டின் பெருங்குறை என்று நாம் கருதுகிறோம்.

முஸாஃபிரின் உரிமை

பயணியை இஸ்லாம் எவ்வாறு நோக்குகின்றது? ஜகாத்தைப் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரில் வழிப்போக்கனையும் ஒருவனாகத் திருக்குர்ஆன் வைக்கின்றது. ஊரில் செல்வந்தனாயினும் வழியில் கையற்றவனாகி நிற்பவன் உதவிக்குரியவன். முஸாஃபிருக்குத் தொழுகையைச் சுருக்கவும் நோன்பை ஒத்திவைக்கவும் சலுகை தந்த மார்க்கம், பயணம் என்பதே ஒருவகை வலுக்குறைவு என்பதை உணர்ந்த மார்க்கம். பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன் ஒட்டகப் பாதையில் உணரப்பட்ட இவ்வுண்மையைப் பளிங்குத் தரையிட்ட விமான நிலையங்கள் இன்னும் கற்க வேண்டியிருக்கின்றது.

அந்நாள் வரும் வரை நம் குடும்பங்கள் முன்யோசனையுடன் இருத்தல் கடமை. துக்கச் செய்தி வந்த வேளையில் மலிவான சீட்டைத் தேடுவதை விட, விசா கேளாத வழியைத் தேடுவதே அறிவுடைமை. இரு வேறு சீட்டுகளாக வாங்கினால், நடுவழியில் பெட்டியைப் பெற்று மீண்டும் ஒப்படைக்க அந்நாட்டிற்குள்ளேயே நுழைய நேரலாம். இரண்டு ஐரோப்பிய விமான நிலையங்களில் மாறிச் செல்லும் வழியாயின், அது வழிக்கடப்பாகாமல் நுழைவாகிவிடக்கூடும். அமெரிக்காவில் தங்கும் உரிமை நீடித்திருப்பினும், கடவுச்சீட்டில் ஒட்டிய விசாவின் தேதி கடந்திருந்தால் விலக்குக் கிடைக்காமற் போவதுண்டு. பட்டியல்கள் அடிக்கடி மாறுவதால் சென்ற ஆண்டு சென்று வந்தவரின் சொல்லை நம்பாமல், பணம் கட்டுமுன் விமானக் கம்பெனியிடமும் தூதரகத்திடமும் கேட்டறிதல் நலம். பெற்றோர் முதுமையடைந்த வீடுகளில், இவ்வழியை நோயற்ற நாளிலேயே விசாரித்து எழுதி வைத்தல் சாலவும் நன்று.

அவ்வளவு செய்தும் வந்து சேர இயலாமற் போகும் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களுக்காக அடக்கத்தை எத்தனை நேரம் தாமதிப்பது என்று ஊர் கூடி வாதிடுவதை விட, நேரத்தோடு நல்லடக்கம் செய்து துஆச் செய்வதே மையித்துக்குச் செய்யும் மரியாதை. வராத பிள்ளையை, “வாப்பா முகத்தைக்கூடப் பார்க்க வரலையே” என்று எவரும் பழிக்க வேண்டாம். அவன் எங்கோ ஒரு விமான நிலையத்தின் முகப்பில், கையில் பயணச்சீட்டோடு தடுக்கப்பட்டு நின்றிருக்கலாம். ரஜுலா கப்பல் காலத்து மகனைப் போலவே அவனும் ஒரு பள்ளிவாசலைத் தேடிச் சென்று, தகப்பனாருக்காகக் காயிப் ஜனாஸா தொழுதிருக்கலாம். அத்தொழுகைக்கு எந்த நாட்டின் விசாவும் தேவையில்லை.