மைக் ஒருத்தரிட்ட, வசனம் எல்லாரிட்டயும்

சின்னனில, ஆங்கிலம் எழுத்துக்கூட்டி வாசிக்கவே கஷ்டப்பட்ட காலத்தில, நாங்கள் பிழையில்லாமல் சொன்ன ஆங்கில வசனம் ஒன்று இருந்தது: "யூ கான்ற் சீ மீ". முகத்துக்கு முன்னால் கையை விரித்து ஆட்டிக்கொண்டே சொல்ல வேணும். ஜோன் சீனா எந்த ஊர், ஏன் அப்படிச் சொல்கிறார் என்றெல்லாம் எங்களுக்குத் தெரியாது. ரியூசன் விட்டு வரும்போது சைக்கிளில முந்திப் போறவன் திரும்பிப் பார்த்து அதைச் சொன்னால் உண்மையாகவே கோபம் வரும்.

"அது முழுக்க நாடகம் தானே, அதைப் போய் ஏன் பார்க்கிறீங்கள்?" என்று இன்றைக்கும் கேட்பார்கள். ஓம், நாடகம் தான். யார் வெல்வது என்பது முதலே முடிவாகிவிடும். அதனால்தான் அங்கே பேச்சுக்கு இவ்வளவு பெறுமதி. முடிவு தெரிந்த சண்டையை ஏன் பார்க்க வேணும் என்பதை யாராவது சொல்லித்தானே ஆக வேணும்.

1980களின் தொடக்கம் வரைக்கும் அமெரிக்க மல்யுத்தம் பிராந்தியம் பிராந்தியமாகப் பிரிந்து கிடந்தது. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு முதலாளி, ஒரு உள்ளூர் ரீவி நிகழ்ச்சி. ரீவியில் போவது ஒருவகை விளம்பரம் தான். காசு வந்தது மண்டபத்து வாசலில் விற்ற ரிக்கற்றில். அதனால் வீரர் ஒருவருக்கு ரெண்டு மூன்று நிமிசம் மைக்கைக் கொடுப்பார்கள். இதற்குப் பெயர் 'புரோமோ'. அதற்குள் பார்க்கிற ஆளை வீட்டை விட்டு வெளிக்கிடப் பண்ண வேணும். போகும்போது அவர் வாயில் ஒரு வசனமும் ஒட்டிக்கொண்டால் இன்னும் நல்லம். பஞ்ச் வசனம் பிறந்தது இந்தத் தேவையில் தான்.

வாயாலேயே மண்டபத்தை நிரப்பலாம் என்று காட்டிய பழைய ஆள், 1940களின் கோர்ஜஸ் ஜோர்ஜ். சுருட்டின பொன்னிற முடி, வாசனைத் திரவியம், தாங்கவே முடியாத பெருமை. அவர் தோற்பதைப் பார்க்கவே சனம் காசு கொடுத்தது. 1961இல் அவரை லாஸ் வேகாஸில் சந்தித்த ஒரு இளம் குத்துச்சண்டை வீரர் அந்தப் பாடத்தை அப்படியே எடுத்துக்கொண்டார். பின்னாளில் அவர் பெயர் முகமது அலி.

ஆனால் எனக்குப் பிடித்தவர் டஸ்டி ரோட்ஸ். பிளம்பரின் மகன், தொந்தி வயிறு. அவருடைய எதிரி ரிக் பிளெயர். விலை கூடின சூட், ரோலெக்ஸ் மணிக்கூடு, லிமோசின் கார் என்று திரிகிற ஆள். 1985இல் டஸ்டி பேசிய 'ஹார்ட் ரைம்ஸ்' புரோமோவில், வேலை இழந்த புடவை ஆலைத் தொழிலாளர்களையும் கார் தொழிற்சாலைக்காரர்களையும், முப்பது வருசம் உழைத்த பிறகு கொம்பியூட்டருக்கு இடம் விட்டுப் போன மனிதரையும் பற்றித்தான் சொன்னார். 'கஷ்ட காலம்' என்ற ரெண்டு சொல், பார்க்க வந்தவர்களின் சொந்தக் கதையாகிவிட்டது.

எல்லா வசனமும் இப்படி நேர்மையாக இருக்கவில்லை. 1984 ஜனவரி 23 அன்று நியூயோர்க்கின் மடிசன் ஸ்குயர் கார்டனில் அயன் ஷேக்கை வென்றுதான் ஹல்க் ஹோகன் சம்பியனானார். ஷேக்கின் வசனம் "ஈரான் நம்பர் வன்". 1979இல் தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகத்தினர் பணயம் வைக்கப்பட்ட கோபம் அப்போதும் ஆறவில்லை. ஒரு வசனம் அந்தக் கோபம் முழுவதையும் ஒரு மனிதன் மேல் இறக்கிவிட்டது. அந்த மனிதரோ அமெரிக்கா போய்க் குடியேறி, அந்த நாட்டு மல்யுத்த அணிக்கே துணைப் பயிற்சியாளராக இருந்தவர்.

ஹோகனோ பிள்ளைகளுக்குச் சொன்னது: பயிற்சி செய்யுங்கள், பிரார்த்தனை செய்யுங்கள், விற்றமின் சாப்பிடுங்கள். 1994இல் நிறுவன முதலாளி வின்ஸ் மக்மான் மீதான வழக்கில் சாட்சி சொன்ன ஹோகன், தான் பல வருசம் ஸ்ரீரொயிட் பாவித்ததை ஒத்துக்கொண்டார். மக்மான் விடுவிக்கப்பட்டார். ஆனால் அந்த விற்றமின் வசனத்தைப் பிறகு யார் நம்புவது?

1996இல் ரெண்டு கிழமைக்குள் எல்லாம் தலைகீழானது. ஜூன் 23, 'கிங் ஒஃப் த ரிங்'. ஸ்ரீவ் ஒஸ்டின் அரையிறுதியில் வாய் கிழிந்து, ஆஸ்பத்திரிக்குப் போய்த் தையல் போட்டுத் திரும்பி வந்தார். இறுதிப் போட்டியில் எதிராளி ஜேக் ரொபர்ட்ஸ், வேதாகமம் சொல்கிற பாத்திரம். அவரை வென்ற ஒஸ்டின், யோவான் 3:16ஐக் கிண்டலடித்து "ஒஸ்டின் 3:16" என்றார். கொஞ்ச நாளில் சனம் அதை மட்டையில் எழுதிக்கொண்டு வரத் தொடங்கியது. பிறகு ரீசேட்டாகவும் விற்றது. ஜூலை 7, ஹோகனே கெட்டவர்களின் பக்கம் மாறினார். நல்ல பிள்ளை உபதேசம் முடிந்து, முதலாளியை எதிர்க்கிறவனின் காலம் தொடங்கியது.

டுவைன் ஜோன்சனின் கதையும் அப்போதுதான் தொடங்கியது. அதே வருசம் நவம்பரில் சிரித்த முகத்துடன் 'ரொக்கி மைவியா' என்று அறிமுகப்படுத்தினார்கள். இவரை விரும்புங்கள் என்று நிறுவனம் சொன்னது. சனமோ "டை ரொக்கி டை" என்று கத்தியது. அந்த வெறுப்பை வைத்தே அவர் 'த றொக்' ஆனார். தன்னைத் தானே மூன்றாம் ஆளாகச் சொல்லி, கேள்வி கேட்டு, எதிராளி வாய் திறக்க முதல் "இற் டஸின்ற் மாற்றர்" என்று வெட்டினார். அவர் பரப்பிய 'ஸ்மாக்டவுன்' 1999இல் ஒரு நிகழ்ச்சியின் பெயரானது; 2007இல் மெரியம் வெப்ஸ்ரர் அகராதிக்குள்ளும் போனது.

கடைசியாக டானியல் பிரையன். 2012 றெஸ்ல்மேனியாவில் 18 செக்கனில் தோற்கடிக்கப்பட்டார். அவர் வில்லனாக இருந்தபோது திமிருடன் கத்திய "யெஸ்! யெஸ்!" என்பதை அடுத்த நாள் சனம் தன்ர சொல்லாக எடுத்துக்கொண்டது. 2014 றோயல் றம்பிளில் அவரைச் சேர்க்காமல் பட்டீஸ்ராவை வெல்ல வைத்தபோது மண்டபமே கூவியது. திட்டத்தை மாற்ற வேண்டி வந்தது. அந்த ஏப்ரலில் சம்பியன் பிரையன் தான்.

இந்த வரலாற்றில் நான் கண்டது இதுதான்: மைக்கை யாருக்குக் கொடுப்பது என்று நிறுவனம் முடிவு செய்யலாம், எந்த வசனம் உயிரோட இருக்கும் என்பது கூட்டத்தின் கையில். ஆனால் டஸ்டிக்காக அழுததும் கூட்டம் தான், ஷேக்கின் மேல் வெறுப்பைக் கொட்டினதும் கூட்டம் தான். கோஷங்களுக்கு நடுவில் வளர்ந்த எங்களுக்கு இது புதுசில்லை. ஒரு வசனத்தைத் திருப்பிச் சொல்ல முதல், அது யாரைத் தூக்குது, யாரை அடிக்குது என்று ஒருக்கா யோசிக்கலாம்.

அது சரி, உங்கட பள்ளிக்கூடத்தில எந்த வசனம் ஓடினது?