வின்செஸ்டர்: கல் சொன்னதும் சொல்லாததும்

இங்கிலாந்தின் தென்பகுதியில், இட்சன் என்னும் சிற்றாற்றின் கரையில் அமைந்த வின்செஸ்டர் ஒரு காலத்தில் வெஸ்ஸெக்ஸ் அரசின் தலைமை நகராக விளங்கியது. ஒன்பதாம் நூற்றாண்டில் டேனியப் படைகளை எதிர்த்து நின்ற ஆல்ஃபிரட் மன்னனின் பெயரோடு இணைத்தே வரலாற்று நூல்கள் இந்நகரைப் பேசுகின்றன. தலைநகரப் பெருமையை லண்டன் எடுத்துக்கொண்டு பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. வாட்டர்லூ நிலையத்திலிருந்து இரயிலேறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் வந்துவிடும் இவ்வூரில் இன்று நம்மை எதிர்கொள்பவை, ஆற்றை நோக்கிச் சரியும் ஒரு கடைத்தெருவும், பழைய மதில் வாயில்களும், புல்வெளி நடுவே நீண்டு கிடக்கும் ஒரு பேராலயமும்தாம்.

இங்கிலாந்தில் வாழும் தங்கையோடு ஒரு பகல் முழுவதும் இந்நகரில் நடந்தோம். மன்னர்களைத் தேடிச் சென்ற எங்கள் மனத்தில் இறுதியில் தங்கியவர்கள் மன்னர்கள் அல்லர். ஓர் எழுத்தாளர், அவருடைய தமக்கை, தண்ணீருக்குள் இறங்கி உழைத்த ஒரு தொழிலாளி ஆகிய மூவரே தங்கினர். இம்மூவரையும் இவ்வூர்க் கற்கள் எவ்வாறு நினைவில் வைத்தன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பேராலயத்தின் வரலாறு நார்மன் படையெடுப்பிலிருந்து தொடங்குகிறது. 1066-இல் இங்கிலாந்தை வென்ற நார்மானியர், பழைய ஆங்கிலோ-சாக்சன் ஆலயத்தை ஒட்டியே 1079-இல் புதிய பேராலயத்தைக் கட்டத் தொடங்கினர். பிஷப் வால்கெலின் இப்பணியை முன்னின்று நடத்தினார். 1093-இல் புதிய ஆலயம் வழிபாட்டுக்கு வந்ததும் பழையது இடிக்கப்பட்டது. அதன் அடித்தள வடிவத்தை இன்றும் புல்வெளியில் கோடுகளாகக் காட்டியிருக்கிறார்கள். ஏறத்தாழ 170 மீட்டர் நீளமுள்ள புதிய ஆலயம், ஐரோப்பாவின் மிக நீண்ட இடைக்காலப் பேராலயங்களுள் ஒன்றாகும்.

உள்ளே நுழைந்து திரும்பிப் பார்த்தால் மேற்குச் சாளரம் தெரியும். விவிலியக் காட்சி எதையும் அதில் அடையாளம் காண முடியாது. இங்கொரு முகம், அங்கொரு கை, இடையே நிறத் துணுக்குகள். 1642-இல் உள்நாட்டுப் போரின்போது பாராளுமன்றப் படையினர் ஆலயத்துக்குள் புகுந்து இச்சாளரத்தை நொறுக்கினர். பழைய மன்னர்களின் எலும்புகள் வைத்திருந்த மரப்பேழைகளைக் கவிழ்த்து, அவ்வெலும்புகளையே கண்ணாடி மீது எறிந்தார்கள் என்பது வழிவழி வந்த செய்தி. 1660-இல் முடியாட்சி மீண்ட பின், கிடைத்த கண்ணாடித் துண்டுகளை வரிசை பாராமல் சேர்த்துப் பொருத்தினர்.

எலும்புகளும் அவ்வாறே கலந்துபோயின. பேழைகளின் மேல் மன்னர் பெயர்கள் எழுதப்பட்டிருந்தாலும், உள்ளே யார் இருக்கிறார் என்பதை எவராலும் உறுதியாகச் சொல்ல இயலவில்லை. பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இவற்றைப் பிரித்து ஆராய்ந்து, குறைந்தது 23 பேரின் எலும்புகள் இருப்பதாக 2019-இல் அறிவித்தனர். பல பேழைகளில் சிதறிக் கிடந்த ஒரு பெண்ணின் எலும்புகள், எதெல்ரெட், கனூட் என்னும் இரு மன்னர்களை அடுத்தடுத்து மணந்த எம்மா அரசியுடையவையாக இருக்கலாம் எனக் கருதினர். மன்னர்க்கே இந்நிலை என்றால் மற்றவர் நினைவு எவ்வளவு உறுதியானது என்ற கேள்வியோடு வடக்குப் பக்க நடைவழிக்கு வந்தோம்.

அங்கே தரையில் பதித்த கருநிறக் கல்லின் கீழ் ஜேன் ஆஸ்டின் உறங்குகிறார். நோய் முற்றிய நிலையில் மருத்துவம் நாடி 1817 மே மாதம் வின்செஸ்டருக்கு வந்த அவர், ஜூலை 18-ஆம் நாள் விடியற்காலையில் தம் 41-ஆம் வயதில் மறைந்தார். கல்லில் நீண்ட வாசகம் இருக்கிறது. ஸ்டீவன்டன் ஊர்ப் பாதிரியாரின் மகள் என்பது இருக்கிறது. அவருடைய நெஞ்சின் ஈரம், இனிய இயல்பு, அறிவின் அரிய ஆற்றல் ஆகியன புகழப்படுகின்றன. ஆனால் அவர் நாவல் எழுதியவர் என்ற செய்தி மட்டும் இல்லை. அவர் வாழ்ந்த காலத்தில், 1811 முதல் வெளிவந்த நான்கு நாவல்களிலும் அவர் பெயர் அச்சாகவில்லை. குடும்பத்தாருக்கு அவர் முதலில் மகள், தங்கை, அத்தை. எழுத்தாளர் என்பது அதற்குப் பின்புதான். அவர் பெயரைத் தமையன் ஹென்றி ஒரு முன்னுரை வாயிலாக உலகுக்கு வெளிப்படுத்தியதே அவர் இறந்த பின்புதான்.

கல் விட்டுவிட்டதைப் பிற்காலம் பக்கத்தில் எழுதிவைத்தது. அண்ணன் மகன் ஜேம்ஸ் எட்வர்ட் எழுதிய வாழ்க்கை வரலாற்று நூலின் வருவாயிலிருந்து, 1872-இல் அருகிலிருந்த சுவரில் ஒரு பித்தளைத் தகடு பொருத்தப்பட்டது. அதில் எழுத்தாளர் என்னும் அடையாளம் இடம்பெற்றது. 1900-இல் பொதுமக்கள் நன்கொடையால் ஒரு வண்ணச் சாளரமும் சேர்ந்தது. பழைய கல்லை யாரும் பெயர்க்கவில்லை. குறையும் திருத்தமும் அருகருகே இருக்கின்றன.

ஆலயத்தின் கிழக்குக் கோடியில் இன்னொரு கதை இருக்கிறது. இப்பகுதியின் அடியில் மக்கிய தாவரங்களாலான மெத்தென்ற கரிமண்ணும், அதன் கீழ்ச் சரளையும், எங்கும் நிலத்தடி நீரும் உள்ளன. இடைக்காலத்தில் கிழக்குப் பகுதியை நீட்டியவர்கள், மரக்கட்டைகளைக் கிடத்தி அதன் மேல் சுவர் எழுப்பினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவர்கள் சாய்ந்து, பெரும் விரிசல்கள் கண்டன. அடித்தளம் தோண்டினால் குழிகளில் நீர் பெருகியது. இறைத்தாலோ மண்ணும் சேர்ந்து வெளியேறி, கட்டடமே சரியும் அபாயம். பொறியாளர் ஃபிரான்சிஸ் ஃபாக்ஸ், கடலில் மூழ்கி வேலை செய்வோரை அழைத்து நீருக்குள்ளேயே அடித்தளம் இடலாம் என்றார்.

அவ்வாறு வந்தவர் வில்லியம் வாக்கர். 1906 முதல் 1911 வரை, கனத்த உலோகத் தலைக்கவசமும் ஈயக் காலணிகளும் அணிந்து, நாள்தோறும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் அவர் குழிகளுக்குள் இறங்கினார். கலங்கிய நீரில் விளக்கு பயன்படாது; எல்லாம் கைத்தடவலில்தான். கான்கிரீட் மூட்டைகளை அடுக்கிக் குழியின் அடியை அவர் அடைத்த பிறகே நீரை இறைக்க முடிந்தது. கொத்தனார்கள் உலர்ந்த குழியில் இறங்கிச் செங்கல் கட்டினர். இப்பணிக்கு 25,000-க்கும் மேற்பட்ட கான்கிரீட் மூட்டைகளும் ஏறத்தாழ 9 லட்சம் செங்கற்களும் செலவாயின. 1912 ஜூலை 15-இல் நடந்த நன்றி வழிபாட்டில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் கலந்துகொண்டு வாக்கரைச் சிறப்பித்தார். 1918-இல், உலகெங்கும் பரவிய இன்ஃபுளுயன்சா அவரைக் கொண்டுபோயிற்று.

1964-இல் அவருக்கு ஒரு சிறு வெண்கலச் சிலை வைத்தனர். புகைப்படத்தை மாற்றி எடுத்துக்கொண்டதால், சிலையில் அமைந்த முகம் பொறியாளர் ஃபாக்ஸுடையது! மூழ்கியவரின் உடை, மேலிருந்து திட்டமிட்டவரின் முகம். உழைப்பாளியின் வரலாற்றை உலகம் எழுதும் முறைக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 2001-இல்தான் வாக்கரின் முகமே கொண்ட புதிய சிலை வந்தது.

தெற்கே கிங்ஸ்கேட் வாயிலைக் கடந்தால் காலேஜ் தெரு. ஜேன் ஆஸ்டின் இறந்த எட்டாம் எண் வீடு இங்குதான் இருக்கிறது. அவருடைய தமக்கை காசாண்ட்ரா இறுதிவரை உடனிருந்து பணிவிடை செய்தார். ஜூலை 24-ஆம் நாள் காலையில் அடக்கத்துக்குச் சென்றவர்கள் ஆண்கள் நால்வர் மட்டுமே. பெண்கள் இடுகாட்டுக்குப் போகாதது அக்காலத்து வழக்கம். சிறு ஊர்வலம் தெருவின் நீளத்தைக் கடந்து திரும்பி மறையும்வரை வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்ததாகக் காசாண்ட்ரா தம் அண்ணன் மகளுக்கு எழுதினார். தெருவின் நீளம் மிகக் குறைவு. நாங்கள் மெல்ல நடந்தே சில நிமிடங்களில் கடந்துவிட்டோம்.

அதே காசாண்ட்ரா, தம் முதுமையில், தங்கை எழுதிய கடிதங்களுள் பெரும்பாலானவற்றை எரித்தார். சிலவற்றில் பகுதிகளைக் கத்தரித்தார். எஞ்சியவை ஏறத்தாழ 160.

"எரித்தது நியாயமா, அக்கா?" என்று தங்கை கேட்டாள். இலக்கிய மாணவராய் எமக்கு அது பேரிழப்பு என்றோம். "எனக்கு எழுதிய கடிதங்களை ஊரார் படிப்பதை நான் விரும்ப மாட்டேன். அவை உங்களுக்கும் எனக்கும் இடையிலானவை" என்றாள் அவள். எங்களுக்குள் உடன்பாடு ஏற்படவில்லை. ஆயினும், அவள் சொன்னதைக் கேட்ட பின் காசாண்ட்ராவை வெறும் அழித்தவராக எண்ண இயலவில்லை. தங்கையின் முகத்தைத் தாமே வரைந்து வைத்தவரும் அவர்தான். லண்டன் தேசிய உருவப்பட அரங்கில் உள்ள அச்சிறு ஓவியம் இல்லையேல், ஜேன் ஆஸ்டினின் முகத்தை நேரில் பார்த்து வரைந்ததென நம்பத்தக்க சான்று நமக்கு இராது.

காசாண்ட்ராவின் கல்லறை சாட்டன் சிற்றூரில், தாயின் அருகில் இருக்கிறது. தங்கை அவரைப் பிரிந்து தனியே பேராலயத்தில் கிடக்கிறார். கல் சொல்லாததைப் பித்தளைத் தகடு சொன்னது. சிலையின் பிழையை இன்னொரு சிலை திருத்தியது. கலந்த எலும்புகளை ஆய்வு பிரித்தது. தங்கையின் இறுதி ஊர்வலத்தைத் தெருமுனைவரை கண்ணால் மட்டுமே தொடர்ந்த அந்தத் தமக்கைக்கு அவ்வூரில் எழுத வேண்டிய வரி இன்னும் ஒன்று இருக்கிறது என்றே தோன்றுகிறது.